"சும்மா ஸ்டோர்ஸ்ல தான் இருந்தேன்"னு சொல்லாதீங்க

எல்லாருக்கும் வணக்கம். பின்னாடி நிக்கிறவங்க கொஞ்சம் முன்னாடி வந்து உக்காருங்க, எனக்கு இடது காது சரியா கேக்காது, நீங்க கேள்வி கேட்டா புரியணும்ல.

பட்டாளத்துல இருந்து வெளிய வந்தவங்க ஒண்ணா மலை ஏறும்போது அவங்க சர்வீஸ் கதையை எப்படி பேசிக்கிறாங்க, அதைப் பத்தி பேசச் சொன்னாங்க. பல வருஷமா இந்த மாதிரி ஒரு குழுவோட நடந்துட்டு இருக்கேன், அதனால பாத்ததை சொல்றேன்.

புதுசா ஒருத்தர் வந்தா முதல் பத்து நிமிஷம் எப்பவும் ஒரே மாதிரி தான் போகும். எந்த ஆர்ம், அதாவது எந்தப் படைப்பிரிவு, எந்த யூனிட், என்ன ட்ரேடு, அதாவது என்ன வேலை, எப்ப சேந்தீங்க, எப்ப வெளிய வந்தீங்க. வெளியாளுங்க கேட்டா என்னடா இது விசாரணை மாதிரி இருக்குன்னு தோணும், ஆனா நம்ம ஆளுங்க ரெண்டு பேர் எங்கயாவது சந்திச்சா நீங்க எந்த ஊரு, யாரு வீட்டுப் பிள்ளைன்னு கேட்டு எப்படியாவது ஒரு சொந்தத்தை கண்டுபிடிப்பாங்கல்ல, அதே தான் இது. ரெண்டு பேரும் ஒரே ட்ரெயினிங் சென்டர்னு தெரிஞ்சுட்டா போதும், வேற வேற வருஷமா இருந்தாலும் பையை மாத்தி தூக்குற அளவுக்கு நெருங்கிருவாங்க.

உண்மைய சொன்னா வாய் பேசுறதுக்கு முன்னாடியே பழக்கம் பேசிரும். ஷூ லேஸ் நுனியை உள்ள சொருகி வச்சிருப்பார், மழைக்கவர் பைக்குள்ள எல்லாத்துக்கும் மேல இருக்கும், யாரும் சொல்லாமலே ஒருத்தர் கடைசி ஆளா போய் நின்னுக்குவார், மெதுவா நடக்குறவரை முன்னாடி விட்டு அவர் வேகத்துக்கு எல்லாரையும் நடக்க வைப்பார். 50 நிமிஷம் நடை, 10 நிமிஷம் ஹால்ட், அதுவும் வாட்ச் பாக்காமலே. பட்டாளத்துல மெடிக்கா, காயம் பட்டவங்களுக்கு முதலுதவி பண்றவரா இருந்த ஒரு அண்ணன் எங்க கூட வர்றார், ஹால்ட்டுன்னா முதல்ல எல்லாரையும் ஷூவைக் கழட்ட சொல்லுவார், விரல் இடுக்கெல்லாம் பாப்பார், ஈர சாக்ஸ் போட்டிருந்தா திட்டு தான். இதுக்குப் பின்னாடி பெரிய வரலாறு இருக்கு. முதல் உலகப்போர்ல ஈர ட்ரெஞ்சுக்குள்ள, அதான் பதுங்குகுழிக்குள்ள, நாள்கணக்கா நின்னு ஆயிரக்கணக்கான பேருக்கு கால் அழுகிப் போச்சு, அதுக்கு அப்புறம் தான் பிரிட்டிஷ் ராணுவத்துல திமிங்கல எண்ணெய் தேய்க்கிறது, சாக்ஸ் மாத்துறது, ஆபீசர் வந்து காலை செக் பண்றதுன்னு கண்டிப்பா கொண்டு வந்தாங்க. அந்த அண்ணன் நம்ம காலைப் பிடிச்சுப் பாக்குறப்போ நூறு வருஷத்துக்கு முன்னாடி பட்ட பாடு அதுல இருக்கு. அவரோட சர்வீஸ் என்னன்னு தனியா கேக்கவே வேண்டாம்.

இந்த இடத்துல ஒருத்தரைப் பத்தி சொல்லியே ஆகணும். அமெரிக்காவுல அப்பலாச்சியன் ட்ரெயில்னு ஒரு நீள மலைப்பாதை, ஜார்ஜியால ஆரம்பிச்சு மெய்ன் வரைக்கும் 14 மாநிலம், கிட்டத்தட்ட 3500 கிலோமீட்டர். 1937ல பாதை முழுசா போட்டு முடிச்சாங்க, ஆனா ஒரே மூச்சுல அதை முழுசும் ஒருத்தர் நடக்க முடியும்னு அப்ப பலபேர் நம்பல. 1948ல ஏர்ல் ஷாஃபர்னு ஒருத்தர் 124 நாள்ல நடந்து முடிச்சார். ரெண்டாம் உலகப்போர்ல பசிபிக் பக்கம் சிக்னல் பிரிவுல இருந்தவர். போருக்கு முன்னாடி அவரும் அவர் ஃப்ரெண்ட் வால்டர் வைன்மில்லரும் சேந்து இந்தப் பாதையை நடக்கணும்னு பேசி வச்சிருந்தாங்க. வால்டர் ஐவோ ஜிமாங்கிற ஜப்பான் தீவுல நடந்த சண்டைல செத்துப் போயிட்டார். ஷாஃபர் தனியா கிளம்பினார், உடம்புல ஒட்டிக்கிட்டு இருக்குற போரை நடந்து நடந்தே வெளிய தள்ளணும்னு தான் கிளம்பினதே. முடிச்சு வந்து சொன்னப்போ பாதையைப் பாத்துக்கிட்ட சங்கத்துலயே முதல்ல நம்பலயாம், டைரி, ஸ்லைடு படமெல்லாம் காட்டி விளக்கின பிறகு தான் ஒத்துக்கிட்டாங்க. 1965ல வடக்குல இருந்து தெற்கா திரும்பவும் நடந்தார், 1998ல 79 வயசுல மூணாவது தடவை. கவனிங்க, அவர் ரேடியோ வேலை பாத்தவர். துப்பாக்கி தூக்கி முன்னாடி ஓடினவரை மட்டும் தான் போர் பிடிச்சுக்கும்னு இல்ல.

2012ல ஷான் கோபின்னு ஒரு மரீன், அதாவது அமெரிக்க மரீன் படை வீரர், ஈராக், ஆப்கானிஸ்தான் எல்லாம் போய்ட்டு வந்தவர், அதே பாதையை நடந்தார். அடுத்த வருஷமே மத்த பழைய வீரர்களையும் கூட்டிட்டு போக ஏற்பாடு பண்ண ஆரம்பிச்சுட்டார். ஷாஃபர் தனியா பண்ணதை இவங்க சேந்து பண்றாங்க, வழியில இருக்குற ஊர்கள்ல பழைய வீரர்கள் சங்கங்கள் இவங்களுக்கு இடம் கொடுத்து சாப்பாடு போட்டு பேசவும் வைக்கிறாங்க.

ஏன் நடக்கும்போது மட்டும் பேச்சு வருது? வீட்டுல சோபால உக்காந்து மூஞ்சியைப் பாத்து "சொல்லுங்க என்ன நடந்துச்சு"ன்னு கேட்டா தொண்டை அடைச்சுக்கும். மலைப்பாதையில ஒருத்தர் பின்னாடி ஒருத்தர் தான் நடக்க முடியும், முன்னாடி போறவரோட முதுகுப்பை தான் தெரியும், கண்ணு கண்ணைப் பாக்க வேண்டியதில்ல, பாதி வாக்கியத்துல நிறுத்திட்டாலும் ஏத்தம் மூச்சு வாங்குதுன்னு நினைச்சுக்குவாங்க, அரை மணி நேரம் கழிச்சு விட்ட இடத்துல இருந்து தொடரலாம், யாரும் அவசரப்படுத்த மாட்டாங்க. நான் என் காதைப் பத்தி முதல் தடவையா வெளிய சொன்னதே அப்படி ஒரு ஏத்தத்துல தான். இப்ப எங்க குழுவுல பாதை அகலமாச்சுன்னா "உங்களுக்கு எந்தக் காது அண்ணே"ன்னு கேட்டுட்டு தான் பக்கத்துல வருவாங்க.

ஆனா எனக்கு மனசு கஷ்டப்படுற ஒரு விஷயம் இருக்கு. அறிமுகம் சொல்றப்போ சிலர் "சும்மா", "வெறும்"னு ஆரம்பிக்கிறாங்க. சும்மா ஸ்டோர்ஸ்ல தான் இருந்தேன். வெறும் டிரைவர் தான். சண்டை பாத்தவர் பக்கத்துல நின்னா குரலே இறங்கிடுது. இதுக்கு நாம தான் காரணம், நாம தான் மனசுக்குள்ள ஒரு வரிசை போட்டு வச்சிருக்கோம். எங்க கூட நர்சிங் ஆபீசரா இருந்த ஒரு அக்கா வர்றாங்க, கூட அவங்க வீட்டுக்காரரும் வருவார், அவர் ஒரு நாள் கூட யூனிஃபார்ம் போட்டவர் இல்ல. வழியில பாக்குறவங்க எல்லாம் "சார் எந்த ரெஜிமெண்ட்"னு அவரைத் தான் கேக்குறாங்க. அந்த அக்கா முதல் வருஷம் முழுக்க அதைத் திருத்தவே இல்ல. ஒரு வருஷம்! எனக்குத் தெரிஞ்சப்போ வெக்கமா இருந்துச்சு, ஏன்னா நானும் முதல் நாள் அவரைத் தான் கேட்டிருக்கேன்.

இன்னொண்ணு, இதைக் குழுவுல புதுசா சேர்ற சிவிலியன் தம்பிங்களுக்கு சொல்றேன். எத்தனை பேரை சுட்டீங்கன்னு யார்கிட்டயும் கேக்காதீங்க. என்ன வேலை பாத்தீங்க, யாரு கூட இருந்தீங்க, சாப்பாடு எப்படி இருந்துச்சு, இதைக் கேளுங்க. மீதி வரணும்னா தானா வரும்.

வெறும் கிளார்க்னு சொல்லிட்டு வந்த ஒருத்தர் இருக்கார், ரெண்டு வருஷம் அதுக்கு மேல ஒரு வார்த்தை பேசல. போன தடவை மூணு நாள் நடை, மூணாவது நாள் இறக்கத்துல எனக்கு முன்னாடி போயிட்டு இருந்தவர் திரும்பாமலே சொன்னார், யூனிட்ல யாராவது இறந்தா வீட்டுக்குப் போற லெட்டரை டைப் பண்ணது அவர் தானாம். ஸ்பெல்லிங் தப்பு வந்துரக் கூடாதுன்னு ஒவ்வொரு பேரையும் சர்வீஸ் புக்கோட மூணு தடவை சரி பாப்பாராம். விலாசம் எல்லாம் இன்னும் மனப்பாடம்னார். நான் எதுவும் சொல்லல, சொல்லுங்க அண்ணேன்னேன். ஒவ்வொண்ணா சொன்னார், வீட்டு நம்பர், தெருப்பேர், ஊர்ப்பேர். கீழ ரோடு வர்ற வரைக்கும் சொல்லிட்டே வந்தார், பின்னாடி வந்த யாரும் அவரை முந்திப் போகல.

அடுத்த நடையில அவரும் வர்றார். வர்றவங்க பேரைக் கொடுத்துட்டு போங்க, பேருக்குப் பக்கத்துல என்ன வேலை பாத்தீங்கன்றதை முழுசா எழுதுங்க. என் கூட நடக்குறதா இருந்தா வலது பக்கமா வாங்க.