இன்ஜினின் தலை தாழக் கூடாது

கடலோர நேயர்களுக்கு வணக்கம்.

படகின் பின்பக்கம் வெளியே மாட்டும் அவுட்போர்டு இன்ஜினை ராத்திரி கழற்றிப் படகுக்குள் படுக்கவைத்தால், காலையில் கயிற்றை இழுத்தால் அசைய மறுக்கிறது. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினால் உப்புத்தண்ணீர் வழிகிறது. மழையும் இல்லை, அலையும் உள்ளே ஏறவில்லை. பிறகு தண்ணீர் எப்படிப் போனது? காலிலிருந்துதான், அதாவது தண்ணீருக்குள் இறங்கி நிற்கும் இன்ஜினின் கீழ்ப்பகுதியிலிருந்து.

அவுட்போர்டு இன்ஜினின் புகை கீழ்நோக்கி, கால் வழியாகப் போய் புரொப்பெல்லர் பக்கம் வெளியேறுகிறது. இன்ஜினைக் குளிரவைத்துத் திரும்பும் கடல்தண்ணீரும் அதே பாதையில்தான் இறங்குகிறது. இன்ஜினை நிறுத்திய நொடியில் அந்தத் தண்ணீர் முழுவதும் வடிந்துவிடாது. அந்த நேரம் பார்த்துக் காலை மேலே தூக்கித் தலையைக் கீழே சாய்த்தால், மிச்சத் தண்ணீர் புகைப்பாதை வழியாகவே சிலிண்டருக்குள் போகும். டூ ஸ்ட்ரோக் இன்ஜினில் அதைத் தடுக்க வால்வு கிடையாது, சிலிண்டர் சுவரில் உள்ள திறப்பு வழியாக நேரே இறங்கிவிடும். உப்புத்தண்ணீர் பட்ட பேரிங் துருப்பிடிக்க ஒரு ராத்திரி போதும்.

ஆகவே எங்கே எப்படித் தூக்கினாலும், தலை காலைவிடத் தாழக் கூடாது. நான் சொல்லப்போவதில் பாதி இதிலிருந்து பிறப்பதுதான்.

கழற்றும் முன் எரிபொருளைக் கவனியுங்கள். படகு அமைதியான தண்ணீரில் நங்கூரத்தில் நிற்கிறது என்றால், டேங்கிலிருந்து வரும் ஹோஸைக் கழற்றிவிட்டு, இன்ஜின் தானாக அணையும்வரை மெதுவாக ஓடவிடுங்கள். கார்பரேட்டர் காலியாகிவிடும். கால் தண்ணீருக்குள் இருக்கும்போதே இதைச் செய்ய வேண்டும். வெளியே எடுத்து ஓட்டினால் தண்ணீர் பம்பின் ரப்பர் இம்பெல்லர் கருகிவிடும். அலை அடிக்கும் மணல்கரையில் ஏறப்போகிறவர்கள் இதைச் செய்யவே வேண்டாம். அலைக்கு நடுவே இன்ஜின் அணைந்தால் படகு பக்கவாட்டில் திரும்பிவிடும். கரையேறிய பிறகு கார்பரேட்டரின் அடித்திருகைத் தளர்த்தி, ஒரு டப்பாவில் வடித்துக்கொள்ளலாம். மண்ணெண்ணெயில் ஓட்டுபவர்கள், அணைப்பதற்குச் சில நிமிடம் முன்பே பெட்ரோலுக்கு மாற்றுங்கள். கார்பரேட்டரில் மண்ணெண்ணெய் தங்கினால் மறுநாள் குளிர்ந்த இன்ஜின் எளிதில் பிடிக்காது.

டேங்க் மூடியின் காற்றுத் திருகையும் இறுக்குங்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. படகின் அடியில் போய்த் தேங்கி நிற்கும், பீடி நெருப்பு ஒன்று போதும்.

இன்ஜின் அணைந்ததும் கியரை நியூட்ரலில் வைத்து, கால் தண்ணீரைவிட்டு வெளியே வரும் அளவுக்கு மட்டும் சாய்த்து, இரண்டு மூன்று நிமிடம் வடியவிடுங்கள். பிறகு நிறுத்தும் சுவிட்சின் கயிற்றுக் கிளிப்பை உருவிவிட்டு, ஸ்டார்ட்டர் கயிற்றை இரண்டு மூன்று முறை மெதுவாக இழுங்கள். பம்பில் நிற்கும் தண்ணீரும் போய்விடும்.

இப்போதுதான் தூக்குவது. 9.9 குதிரைத்திறன் இன்ஜின் சுமார் 40 கிலோ. ஒருவரால் தூக்க முடியும், ஆனால் ஆடும் படகில் ஒருவர் தூக்கக் கூடாது. முதல் வேலை, பாதுகாப்புக் கயிறு. இன்ஜினைப் படகில் மாட்டும் பிராக்கெட்டிலிருந்து படகின் குறுக்குப் பலகைக்கு அதைக் கட்டாமல், பிராக்கெட்டை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப் திருகைத் தொடாதீர்கள். கடலில் போன இன்ஜின்களில் பல, ஓடும்போது விழுந்தவை அல்ல, கழற்றும்போது கை நழுவியவை.

கைப்பிடியை மடக்குங்கள். திருப்பும் இறுக்கத்தைக் கூட்டிவையுங்கள், இல்லாவிட்டால் தூக்கும்போது கால் சுழன்று முழங்காலில் அடிக்கும். ஒருவர் பிராக்கெட்டின் முன்பக்கப் பிடியையும் மற்றவர் கால்பகுதியையும் பிடிக்கவும். மேல்மூடியைப் பிடித்துத் தூக்குவது பலருக்குப் பழக்கம். கொக்கி விட்டுக்கொடுத்தால் மூடி கையில், இன்ஜின் உங்கள் பாதத்தில். 40 குதிரைத்திறன் இன்ஜின் 70 கிலோவைத் தாண்டும். அதற்கு உள்ளே தூக்கு வளையம் உண்டு. அதில் கொக்கி மாட்டிக் கப்பியால் தூக்குங்கள். படகிலிருந்து படகுத்துறைப் பாலத்துக்கு ஏற்றும்போது, படகு அலையின் உச்சியில் நிற்கும் சமயம் பார்த்து இழுங்கள். படகு இறங்க, பாரம் கயிற்றுக்கு வந்துவிடும்.

கரையில் தண்டில் கட்டித் தோளில் சுமப்பவர்களுக்கு ஒரு சொல். மேடு ஏறும்போது தலைப்பக்கம் முன்னால் போக வேண்டும். காலையில் கடலை நோக்கி இறங்கும்போது கால்பக்கம் முன்னால். இரண்டிலும் தலை மேலேயே இருக்கும். உயரமான ஆள் தலைப்பக்கம் நின்றால் இன்னும் நல்லது. பாரமும் அந்தப் பக்கம்தான் கூடுதல், அதனால் வலுவான தோளும் அங்கேயே.

படகுக்குள் கிடத்துவதானால், பழைய டயர் டியூபின் மேல், தலைக்கு அடியில் நான்கு விரல் உயரத்துக்குக் கோணி வைத்துக் கிடத்துங்கள். கரையேற்றிய படகின் அணியம், அதாவது முன்முனை, மேட்டில் நிற்பதால், தலை அணியத்தைப் பார்க்கட்டும். கடலுக்குக் கொண்டுபோகும் மாற்று இன்ஜின் என்றால் படகின் நடுவில், தாழ்வாக, இரண்டு இடத்தில் கட்டுங்கள். ஃபோர் ஸ்ட்ரோக் வைத்திருப்பவர்கள் எந்தப் பக்கம் படுக்கவைக்கலாம் என்பதைக் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். தவறான பக்கம் படுத்தால் ஆயில் சிலிண்டருக்கும் கார்பரேட்டருக்கும் போய்விடும். நிமிர்த்தியதும் சிறிது நேரம் விட்டு, ஆயில் மட்டம் பார்த்து, கயிற்றை மெதுவாக இழுத்துப் பாருங்கள். தடுத்தால் பலம் காட்டாதீர்கள், பிளக்கைக் கழற்றுங்கள்.

அத்தனையும் மீறி இன்ஜின் கடலில் விழுந்தால்? ஓடிக்கொண்டிருக்கும்போது விழுந்திருந்தாலோ, உள்ளே மணல் போயிருந்தாலோ கயிற்றை இழுக்கவே கூடாது. உள்ளே பிஸ்டனோடு இணைந்த தண்டு வளைந்திருக்கலாம். அணைந்த இன்ஜின் என்றால் நல்லதண்ணீரில் கழுவி, பிளக்கைக் கழற்றி, பிளக் ஓட்டை கீழே பார்க்கும்படி சாய்த்து, கயிற்றை இழுத்துத் தண்ணீரை வெளியேற்றுங்கள். பிறகு சிலிண்டரில் ஆயில் விட்டு, அன்றைக்கே மெக்கானிக்கிடம் சேருங்கள். அன்றைக்கு முடியாதென்றால் நல்லதண்ணீர் டிரம்மில் இன்ஜினை முழுக்க மூழ்க வைத்துவிடுங்கள். விசித்திரமாகத் தோன்றும், ஆனால் காற்றுப் பட்டால்தான் துரு வேகமாக ஓடும்.

திரும்ப மாட்டும்போதும் முதலில் பாதுகாப்புக் கயிறு. கிளாம்ப் திருகுகளுக்குக் கிரீஸ் தடவி, இரண்டையும் மாறி மாறிக் கையால் இறுக்குங்கள், சுத்தியல் வேண்டாம். அரைமணி நேரம் ஓடியதும் மறுபடி இறுக்கிப் பாருங்கள், அநேகமாகக் கால் சுற்றாவது திரும்பும்.