டார்ஃபேன்: நொறுங்கிய எஞ்சின், நிலைத்த தகரம்

வணக்கம் நேயர்களே.

அமெரிக்கப் பொம்மை ரயில் என்றால் லயனல் பெயரைத்தான் எல்லோரும் சொல்வார்கள். நான் சொல்லப்போவது சுமார் பத்தே ஆண்டு ஓடிய டார்ஃபேன் கம்பெனியைப் பற்றி. ஜெர்மனியின் நியூரம்பெர்க்கில், ஃபேன்டார் என்ற பெயரில் பொம்மை ரயில் செய்த தொழிலகத்திலிருந்து வந்த சகோதரர்கள் மில்டன், ஜூலியஸ் ஃபோர்ஷைமர், 1924-இல் நியூ ஜெர்சியின் நியூவர்க் நகரில் இதைத் தொடங்கினார்கள். பழைய பெயரையே திருப்பிப் போட்டு டார்ஃபேன் ஆக்கினார்கள்.

பெட்டிகள் தகரம். வெள்ளீயம் பூசிய தகடு தட்டையாக இருக்கும்போதே ஜன்னல், கதவு, எழுத்து எல்லாம் அச்சாகிவிடும். ஒவ்வொரு நிறத்தையும் சூட்டில் உலர்த்திவிட்டுத்தான் அடுத்த நிறம். கடைசியில் வார்னிஷ். பிறகு தகட்டை வெட்டி மடித்து, ஓரத்து நாக்குகளைத் துளையில் செருகி வளைப்பார்கள். நிறம் இம்மி விலகினாலும் ஜன்னல் இரட்டையாகத் தெரியும். மை அதிகமாகச் சுட்டுவிட்டால் மடிப்பில் வெடித்து உதிரும்.

கம்பெனியின் பெருமை எஞ்சினில்தான் இருந்தது. மற்றவர்கள் தகரத்திலும் வார்ப்பிரும்பிலும் செய்துகொண்டிருக்க, இவர்கள் துத்தநாகக் கலவையை உருக்கி, அழுத்தத்தில் எஃகு அச்சுக்குள் செலுத்தினார்கள். ஆணிவரிசை வரை துல்லியமாக விழும். பிள்ளைகளே பிரித்துப் பூட்டும் எஞ்சினும் விற்றார்கள். நல்ல யோசனை, கெடுத்தது உலோகம்.

துத்தநாகத்தில் துளி ஈயம் கலந்தாலும் அது படிகங்களின் எல்லையில் போய்த் தங்கும். ஈரக்காற்று பட்டால் அரிப்பு அந்த எல்லைகள் வழியே உள்ளே பரவும். உலோகம் உப்பும், முதலில் முடி போன்ற விரிசல் விழும். பக்கச் சுவர் வளைந்து அச்சுத்தண்டை இறுக்கும், சக்கரம் சுற்றாது. பிறகு கையில் எடுத்தாலே உதிரும். 99.99 சதவீதத் தூய துத்தநாகத்தில் செய்த ஸமாக் கலவையை நியூ ஜெர்சி ஸிங்க் கம்பெனி 1929-இல்தான் கொண்டுவந்தது. அதே ஆண்டு பங்குச்சந்தையும் சரிந்தது. 1934-இல் டார்ஃபேன் உற்பத்தி நின்றது.

இன்று கைக்குக் கிடைப்பவற்றில் தகரப் பெட்டிகளே பெரும்பாலும் நல்ல நிலையில் இருக்கின்றன. உப்பிய எஞ்சினுக்கு மருந்து கிடையாது. மாற்று வார்ப்புதான் வழி. சக்கரம் இறுகியிருந்தால் மின்சாரம் கொடுத்துப் பார்க்காதீர்கள், மோட்டார் கருகிவிடும். பெட்டியைத் தண்ணீரில் முக்காதீர்கள். மடிப்புக்குள் ஈரம் தங்கித் துருப்பிடிக்கும். நாக்கை நிமிர்த்தித் திறப்பதும் வேண்டாம். இரண்டு மூன்று முறை வளைத்தாலே ஒடிந்துவிடும்.

நன்றி, வணக்கம்.