தொகை எழுதாத நோட்டு

(மூணாறு மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்து வாசகசாலையில், தாத்தாவின் முப்பதாம் நாள் நினைவுக் கூட்டத்தில் பேத்தி பேசியது)

உள்ளே இடம் போதாமல் படியிலும் தேயிலை ஓரத்திலும் குடைக்கு இருவராக நிற்கிற எல்லோருக்கும் வணக்கம். மழை இன்னும் விடவில்லை. தாத்தா இருந்திருந்தால், பேச்சு கிடக்கட்டும், முதலில் வந்தவர்களுக்குக் கட்டன்சாயா கொடு என்றிருப்பார். அடுப்பில் ஏற்றியிருக்கிறது, வந்துவிடும்.

அவரைப் பற்றிப் பேசவும், அவருடைய அடக்கத்துக்கு நீங்கள் கொடுத்த பணத்துக்குக் கணக்குச் சொல்லவும் வந்திருக்கிறேன். கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன்.

கடைசி ஆறு நாள் கீழே ஒரு மருத்துவமனையில் வைத்திருந்தோம். விடியற்காலை மூன்று மணிக்கு உயிர் பிரிந்தது. 23,400 ரூபாய் பாக்கி, அதைக் கட்டினால்தான் உடலை எடுத்துப் போகலாம் என்றார்கள். அப்பாவின் சட்டைப் பையில் 9,000 இருந்தது. அதை மூன்று முறை எண்ணினார். எண்ணிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்து நின்றார். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிற எனக்கு, என் அப்பாவிடம் அந்த நேரத்தில் சொல்ல ஒரு சொல்லும் கிடைக்கவில்லை. பக்கத்து லைன் வீட்டுச் சித்தப்பாவுக்குப் போன் செய்தேன். "நீ அங்கேயே இரு, தாயி" என்று மட்டும் சொன்னார்.

நாங்கள் யாரிடமும் கேட்கவில்லை. ஏழு மணிக்கு, அன்றைய வேலைக்கு ஆள் பிரிக்கிற பிரட்டுக்களத்தில் பெயர் கொடுக்க வந்தவர்கள் நடுவில் ஒரு துண்டு விரிந்திருந்ததாகப் பிறகு சொன்னார்கள். ஒன்பது மணிக்குள் பணம் என் போனுக்கு வந்துவிட்டது. அன்றும் மறுநாளும் சேர்ந்தது மொத்தம் 46,230 ரூபாய். மருத்துவமனையின் மீதிப் பாக்கி 14,400. ஆம்புலன்ஸ் 11,500. கோடித்துணி, மாலை, பாடை, பந்தல், மேளம் எல்லாம் சேர்த்து 7,800. துட்டி கேட்க வந்தவர்களின் மூன்று நாள் சாப்பாட்டுக்கு 6,180. குழி வெட்டிய நான்கு பேரும் காசு வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். மீதி 6,350 ரூபாய் இதோ இந்த உறையில் இருக்கிறது. இதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

தாத்தா 1964-இல், பதினெட்டு வயதில், கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் காட்டில் இருந்து போடி வழியாக மலையேறி வந்தவர். 2004-இல் ஓய்வு பெறும் வரை நாற்பது வருஷம் இந்த ஒரே டிவிஷன். 1970, 1982, 1994, 2006, 2018 என்று ஐந்து முறை குறிஞ்சி பூத்ததை இந்த மலையில் பார்த்தவர். தன் வயதை அவர் வருஷத்தில் சொல்ல மாட்டார், எத்தனை பூ பார்த்தேன் என்றுதான் சொல்லுவார்.

அவருக்குக் கைவந்த வேலை கவாத்து. உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஆனால் பின்வரிசையில் இருக்கிற என் பள்ளிப் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். தேயிலைச் செடியைச் சில வருஷத்துக்கு ஒரு முறை இலையில்லாமல், வெறும் கட்டையாக வெட்டி விடுவார்கள். அப்போதுதான் புதுத் தளிர் அடிக்கும். வெட்டு சாய்வாக விழ வேண்டும். தட்டையாக விழுந்தால் அதன்மேல் மழைத் தண்ணீர் நின்று கட்டை அழுகிப் போகும். தாத்தா வெட்டிய செடியில் விரலை வைத்தால் வழுக்கிக்கொண்டு கீழே வரும். பிசிறு இருக்காது. அவருடைய இடது கைக் கட்டைவிரலில் குறுக்காக ஒரு தழும்பு உண்டு. சின்ன வயதில் அதைத் தடவிக்கொண்டேதான் நான் தூங்குவேன்.

நாற்பது வருஷம் உழைத்தவருக்குக் கிராஜுவிட்டி வந்தது. 1972-ஆம் வருஷச் சட்டப்படி ஒரு வருஷ வேலைக்கு 15 நாள் கூலி. நாற்பது வருஷத்துக்கு 600 நாள் கூலி. அத்தையின் கல்யாணக் கடனோடு அது கரைந்தது. பிறகு பி.எஃப். பென்ஷன். அதில் குறைந்தபட்சம் மாதம் 1,000 ரூபாய் என்று 2014-இல் ஆக்கினார்கள், அவருக்கு வந்ததும் அவ்வளவுதான். அந்தப் பணத்தில் ஒரு மனிதர் மாத்திரை வாங்கலாம். தன் சாவுக்கு எடுத்து வைக்க முடியாது. இதைக் கோபத்தோடுதான் சொல்கிறேன். நாம் குடியிருக்கும் லயம் நமக்குச் சொந்தமில்லை. அவரைப் புதைத்த ஆறடியும் தோட்டத்து நிலம்தான்.

ஊரில் இருந்து பெரியப்பா போன் செய்து, உடலைப் பூர்வீகத்துக்குக் கொண்டுவாருங்கள், குலசாமி இருக்கிற மண்ணில் வைப்போம் என்று அழுதார். அவர் ஆசையில் தப்பில்லை. ஆனால் தாத்தா, கடைசிக் குறிஞ்சி பூத்த வருஷத்திலேயே என் அம்மாவிடம் சொல்லி வைத்திருந்தார்: "போடிமெட்டில் பதினேழு வளைவு இறக்கி என்னை உருட்டாதீர்கள். உன் மாமியாரை வைத்த இடத்துக்குப் பக்கத்தில் வையுங்கள்." பெரியப்பா அந்தப் பதினேழு வளைவும் ஏறி வந்து கொள்ளிச்சட்டியைப் பிடித்தார். கூட்டத்தில் இருக்கிறார். பெரியப்பா, நீங்கள் மனம் இறங்கி வந்ததை நாங்கள் மறக்க மாட்டோம்.

பெண்கள் இடுகாட்டுக்குப் போகிற வழக்கம் இல்லாததால் நான் வீட்டில் இருந்தேன். வீடு கழுவி முடித்த பிறகு அவருடைய தகரப் பெட்டியைத் திறந்தேன். சாக்கில் சுற்றிய கவாத்துக் கத்தி. அதன் அடியில் இந்த நோட்டு. அட்டை கிழிந்து, உரப்பைப் பிளாஸ்டிக்கால் மேலுறை போட்டுத் தைத்திருக்கிறார். முதல் பக்கத்தில் 1971 என்று இருக்கிறது.

பக்கத்துக்கு ஒரு சாவு. மேலே இறந்தவர் பெயர், லைன் நம்பர். அதன் கீழே கொடுத்தவர்களின் பெயர்கள். அடியில் மொத்தத் தொகை, செலவு, "கணக்கு முடிந்தது" என்று ஒரு வரி. அறுபத்தொரு பக்கம் எழுதியிருக்கிறார். இந்தத் தோட்டத்தில் ஐம்பது வருஷமாகத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு லயம் லயமாக ஏறி இறங்கியவர் அவர் என்று உங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் ஒன்றை அன்றுதான் கவனித்தேன். யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்று ஒரு பக்கத்திலும் இல்லை. பெயர் மட்டும்தான் இருக்கிறது.

அம்மாவிடம் கேட்டேன். அவள் புது மருமகளாக வந்தபோது இதையே அவரிடம் கேட்டாளாம். "கல்யாணத்துக்கு நாள் குறிக்கிறோம், மொய்க்குக் காசு சேர்த்து வைக்கலாம். சாவு சொல்லிக்கொண்டா வருகிறது? மாதக் கடைசியில் செத்தவன் வீட்டுத் துண்டில் ஒன்றும் இரண்டும்தான் விழும். அதை எழுதி வைத்தால் போட்டவனுக்கும் தலைகுனிவு, செத்தவனுக்கும் தலைகுனிவு" என்றாராம்.

மொய் எழுதுவதை நான் குறை சொல்லவில்லை. கொடுத்ததைக் கொஞ்சம் கூட்டித் திருப்பிச் செய்கிற அந்த வழக்கத்தால்தான் நம்மில் பல பெண்களுக்குக் கழுத்தில் தாலி ஏறியது. ஆனால் சாவுக்குப் போட்ட பணத்தைத் திருப்பி வாங்குவதற்கு நாம் யாருக்குச் சாவை விரும்புவது? தாத்தா அதை யோசித்திருக்கிறார். நான் யோசிக்கவில்லை. மருத்துவமனை வராந்தாவில் உட்கார்ந்து, யார் யார் எவ்வளவு அனுப்பினார்கள் என்று போனில் குறித்துக்கொண்டிருந்தேன், பிறகு திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்று. வீட்டுக்கு வந்த பிறகு மூன்றாம் லைன் பாட்டி ஐம்பது ரூபாயை என் உள்ளங்கையில் வைத்து மூடினார். போனை எடுத்தேன். "எழுதாதே தாயி, உன் தாத்தா எனக்கு எழுதவில்லை" என்றார். பாட்டியின் மகன் பெயர் இந்த நோட்டில் பதினான்காம் பக்கத்தில் இருக்கிறது. போனில் குறித்ததை அன்றே அழித்துவிட்டேன்.

இன்னும் ஒரு பக்கம் சொல்ல வேண்டும். 2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்கள் மண்ணுக்குள் போயின. 70 பேர். அவர்களில் பலருக்குப் பூர்வீகம் கயத்தாறு. தாத்தாவின் ஊரும் அந்தப் பக்கம்தான். பாஸ் இல்லாமல் எல்லையைத் தாண்ட முடியாத கொரோனா நாட்கள் அவை. உறவுக்காரர்கள் பலர் வர முடியாமல் தவித்தார்கள். ராஜமலையில் வரிசையாகக் குழி எடுத்து ஒன்றாக அடக்கம் செய்தார்கள். அந்தப் பக்கத்தில் தாத்தா கொடுத்தவர் பெயர்கூட எழுதவில்லை. "பெட்டிமுடி" என்று எழுதி அடியில் ஒரு கோடு போட்டிருக்கிறார். கணக்கு முடிந்தது என்ற வரியும் அங்கே இல்லை.

கடைசிக்கு முந்தைய பக்கம் ஜார்க்கண்டில் இருந்து கொழுந்து பறிக்க வந்த ஒரு பையனுடையது. அவன் உடலை ஊருக்கு அனுப்பப் பணம் சேர்த்திருக்கிறார். தமிழும் தெரியாத, உறவும் இல்லாத அந்தப் பையனின் பெயரை எழுத்துக் கூட்டிக் கூட்டி எழுதி, ஒரு முறை அடித்துத் திருத்தியிருக்கிறார். தாத்தாவின் பாடை தூக்கிய தோள்களில் இரண்டு, அந்தப் பையனோடு ஒரே அறையில் இருந்தவர்களுடையவை.

இனி இந்த 6,350. இது எங்கள் வீட்டுப் பணம் இல்லை. அப்பாவும் பெரியப்பாவும் இதை என்னிடம் கொடுத்து, சபையிலேயே ஒப்படைக்கச் சொன்னார்கள். துண்டு விரிவது காலையில். சாவு வருவது பெரும்பாலும் இரவில். ஆம்புலன்ஸ்காரருக்கும் மருத்துவமனைக்கும் உடனே பணம் வேண்டும். அந்த ஓர் இரவுக்காகப் பத்து வட்டிக்கு வாங்கி, இரண்டு வருஷம் சம்பளத்தில் பாதியைக் கட்டிய குடும்பங்கள் இந்தக் கூடத்தில் உட்கார்ந்திருக்கின்றன. எங்களுக்கு அன்று சித்தப்பா போனை எடுத்தார். எடுக்காமல் போயிருந்தால் நாங்களும் அந்த வட்டிக்காரரிடம்தான் போயிருப்போம்.

எப்போதும் 25,000 ரூபாய் கையில் தயாராக இருக்க வேண்டும். இந்த 6,350-உடன் என் சம்பளத்தில் இருந்து 5,000 போடுகிறேன். இது நான் தொகை சொல்லிக் கொடுக்கிற கடைசிப் பணம். முதலாவதாக நான் போடுவதால் சொல்ல வேண்டியதாயிற்று. இனிமேல் யார் எவ்வளவு போட்டாலும் நோட்டில் பெயர் மட்டும்தான் ஏறும். மொத்தமும் செலவும் மட்டும் இந்த வாசகசாலைச் சுவரில் ஒட்டப்படும். எடுத்த குடும்பம் திருப்பிக் கட்ட வேண்டியதில்லை. காலையில் துண்டில் விழுவதில் இருந்து, இரவு எடுத்ததைத் திரும்ப வைத்துவிடலாம்.

திங்கள்கிழமை வங்கிக்குப் போகிறோம். மூன்று பேர் பெயரில் கணக்குத் திறக்க வேண்டும். சித்தப்பா ஒருவர். ஜார்க்கண்ட் பிள்ளைகள் தங்கியிருக்கும் லைனில் இருந்து ஒருவர் வருவதாகச் சொல்லிவிட்டார். மூன்றாவது ஆள் ஒரு பெண்ணாக இருக்க வேண்டும் என்பது என் விருப்பம். அத்தைமார்களே, மதினிமார்களே, உங்களில் யார் வருகிறீர்கள் என்று சாயா குடித்து முடிப்பதற்குள் சொல்லிவிடுங்கள். ஆதார் அட்டையும் இரண்டு போட்டோவும் கொண்டுவர வேண்டும்.