எச்.ஐ.வி.யோட சர்க்கரையும் இருந்தா: ரெண்டு மருந்துச் சீட்டையும் ஒண்ணா வெச்சுப் பாருங்க

[திரை: மேஜையில் அருகருகே இரண்டு மாத்திரை அட்டைகள். கேமரா மெதுவாக நெருங்குகிறது.]

இந்த ரெண்டு மாத்திரையையும் பாருங்க. ஒண்ணு டொலுடெகிராவிர், எச்.ஐ.வி.க்கு. இன்னொண்ணு மெட்ஃபார்மின், சர்க்கரைக்கு. தனித்தனியா பார்த்தா ரெண்டுமே தங்கமான மருந்து. ஆனா ரெண்டையும் ஒரே ஆள் சாப்பிடும்போது, அவரோட ரத்தத்துல மெட்ஃபார்மின் வழக்கத்தை விட சுமார் 79 சதவீதம் கூடிடுது. டொலுடெகிராவிரை ரெண்டு வேளை எடுக்கிறவங்களுக்குக் கிட்டத்தட்ட ரெண்டரை மடங்கு. சீட்டுல 500ன்னுதான் எழுதியிருக்கும். உள்ளே ஓடுற கணக்கு வேற.

எச்.ஐ.வி. இருக்கிறவங்களுக்குச் சர்க்கரை வந்தா எப்படிச் சமாளிக்கணும்னுதான் இந்த வீடியோ. சாப்பாட்டைக் குறைக்கிறது, நடக்கிறது, புகைபிடிக்கிறதை விடறது, இதெல்லாம் யாருக்கு வந்தாலும் ஒண்ணுதான். அதைச் சொல்ல நிறைய வீடியோ இருக்கு. இவங்களுக்கு மட்டும் எங்கெங்கே கணக்கு மாறுதுன்னு பார்ப்போம்.

[திரை: காலக்கோடு. 1996, 1997, 2009, 2019.]

ஏன் வருதுங்கிறதுக்குப் பெரிய மர்மம் ஒண்ணுமில்ல. மருந்து நல்லா வேலை செய்யறதால எச்.ஐ.வி. இருக்கிறவங்க இப்போ முதுமை வரைக்கும் வாழறாங்க. வயசானா வர்ற வியாதிகளும் கூடவே வருது. அதுக்கு மேல சில காரணங்கள் இருக்கு. 1996 வாக்குல வந்த ப்ரோட்டியேஸ் தடுப்பான் மருந்துகள் உயிரைக் காப்பாத்துச்சு, ஆனா சர்க்கரையை ஏத்துச்சு. அதுல இண்டினாவிர்ங்கிற மருந்து, செல்லுக்குள்ள குளுக்கோஸைக் கொண்டுபோற குளூட்4ங்கிற புரதத்தையே மறிச்சுது. 1997லயே அமெரிக்காவோட மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எஃப்.டி.ஏ. எச்சரிக்கை விட்டுச்சு. ஸ்டாவுடின், ஜிடோவுடின் மாதிரி பழைய மருந்துகள் கன்னத்துலயும் கை காலுலயும் இருக்கிற கொழுப்பைக் கரைச்சு, இன்சுலினுக்கு உடம்பு சரியா மசியாத நிலைக்குக் கொண்டுபோச்சு. 2009ல ஸ்டாவுடினைக் கைவிடச் சொல்லி உலக சுகாதார நிறுவனம் சொல்லிடுச்சு. ஆனா அதை வருஷக்கணக்கா சாப்பிட்டவங்க இன்னைக்கும் அந்த ஆபத்தைச் சுமக்கிறாங்க. புது டாக்டரைப் பார்க்கும்போது "முன்னாடி என்ன மருந்து எடுத்தீங்க"ன்னு அவர் கேக்கலைன்னாலும் நீங்களே சொல்லிடுங்க.

2019ல இருந்து டொலுடெகிராவிர்தான் உலகம் முழுக்க முதல் தேர்வு. வைரஸை அடக்கறதுல கெட்டி. ஆனா எடை கூடுது, எடை கூடினா சர்க்கரையும் பின்னாலயே வரலாம். சிலருக்கு ஆரம்பிச்ச சில மாசத்துலயே சர்க்கரை கிடுகிடுன்னு ஏறினதும் உண்டு. அதிகத் தாகம், அடிக்கடி சிறுநீர், காரணமில்லாம இளைப்பு, இது மூணும் வந்தா அடுத்த செக்கப் வரைக்கும் காத்திருக்காதீங்க.

[திரை: ஒரு ஆய்வக அறிக்கை. "எச்.பி.ஏ1சி 6.2" என்ற வரியைச் சுற்றி வட்டம்.]

இப்போ டெஸ்ட். இங்கதான் நிறையப் பேர் ஏமாந்து போறாங்க.

மூணு மாச சராசரின்னு ஒரு டெஸ்ட் எடுப்பாங்க இல்லையா, எச்.பி.ஏ1சி. ரத்த சிவப்பணு சுமார் 120 நாள் உயிரோட இருக்கும். அத்தனை நாளும் அதுமேல சர்க்கரை ஒட்டிக்கிட்டே வரும். எவ்வளவு ஒட்டியிருக்குன்னு அளந்தா சராசரி தெரிஞ்சிடும், இதுதான் அதோட அடிப்படை. ஆனா அந்த அணு சீக்கிரமே செத்துப் புதுசு வந்துக்கிட்டே இருந்தா? ஒட்டறதுக்கே நேரம் கிடைக்காது. ஜிடோவுடின், அபாகாவிர், டாப்சோன் எடுக்கிறவங்களுக்கு இந்த எண் நிஜத்தை விடக் குறைவாக் காட்டலாம். ரத்தசோகை இருந்தாலும் எண்ணை அப்படியே நம்ப முடியாது. ரிப்போர்ட்டுல 6.2ன்னு இருக்கு, அப்படின்னா சராசரி 130 பக்கத்துல இருக்கணும். ஆனா வீட்டு மெஷின்ல அடிக்கடி 190, 200ன்னு காட்டுது. இந்த மாதிரி இருந்தா ரிப்போர்ட்டைப் பார்த்து நிம்மதியாயிடாதீங்க. வீட்டுல குறிச்சு வெச்ச எண்களையும் டாக்டர்கிட்ட காட்டுங்க.

அதனாலதான் எச்.ஐ.வி. இருக்கிறவங்களுக்குச் சர்க்கரை நோயைக் கண்டுபிடிக்க, வெறும் வயித்து ரத்தச் சர்க்கரையைப் பார்க்கச் சொல்லுது அமெரிக்க நீரிழிவு சங்கத்தோட வழிகாட்டி. 126ஓ அதுக்கு மேலயோ இருந்து, இன்னொரு தடவை எடுத்தாலும் அப்படியே இருந்தா சர்க்கரை நோய். 100ல இருந்து 125 வரைக்கும் எல்லைக்கோடு. ஏ.ஆர்.டி., அதாவது எச்.ஐ.வி. மருந்துச் சிகிச்சை, ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஒரு தடவை, ஆரம்பிச்ச 3 முதல் 6 மாசத்துல ஒரு தடவை, அப்புறம் வருஷத்துக்கு ஒரு தடவை. நடுவுல மருந்தை மாத்தினா, மாத்தும்போதும் மாத்தின 3 முதல் 6 மாசத்துலயும் பார்க்கணும்.

[திரை: சிறுநீரகத்தின் எளிய வரைபடம். மெட்ஃபார்மின் துளிகள் ஒரு வாசலில் தேங்குகின்றன.]

சரி, அந்த 79 சதவீதத்துக்கு வருவோம். மெட்ஃபார்மினை ஈரல் உடைக்கிறது இல்ல. அது முழுசா சிறுநீர் வழியாத்தான் வெளியே போகணும். சிறுநீரகத்துல அதை ரத்தத்துல இருந்து இழுத்து வெளியே தள்ள ஓ.சி.டி.2, மேட்1ன்னு ரெண்டு கடத்திப் புரதங்கள் இருக்கு. டொலுடெகிராவிர் அதைத் தடுக்குது. அதனால மெட்ஃபார்மின் தேங்குது. குமட்டல், வயித்துப்போக்கு, வாயில உலோகச் சுவை வந்தா பல பேர் "எனக்கு மெட்ஃபார்மின் ஒத்துக்கலை"ன்னு விட்டுடறாங்க. மருந்து ஒத்துக்கலைன்னு அர்த்தமில்ல, அளவு அதிகமா இருக்கலாம். சேர்த்துக் கொடுக்கும்போது மெட்ஃபார்மினை நாளைக்கு 1000 மில்லிகிராமுக்கு மேல போகாம வெச்சுக்கணும்னு பொதுவா சொல்றாங்க. சிறுநீரக வடிகட்டும் திறன், அதாவது இ.ஜி.எஃப்.ஆர்., 30க்குக் கீழ இருந்தா மெட்ஃபார்மினே கூடாது, ரத்தத்துல லாக்டிக் அமிலம் ஏறி உயிருக்கே ஆபத்தாகலாம். பிக்டெகிராவிர்ங்கிற இன்னொரு எச்.ஐ.வி. மருந்து எடுக்கிறவங்களுக்கு இந்த ஏத்தம் 39 சதவீதம்தான். பெரும்பாலும் அளவை மாத்த வேண்டியிருக்காது.

இதுல ஒரு கிளைக்கதை. டொலுடெகிராவிர் ஆரம்பிச்ச முதல் சில வாரத்துல, சிறுநீரகம் எப்படி இருக்குன்னு பார்க்க ரத்தத்துல அளக்கிற கிரியேட்டினின் கொஞ்சம் ஏறும். அதை வெளியேத்தற வழியும் இதேதான். சிறுநீரகம் கெட்டுப்போகல, எண் மட்டும் ஏறியிருக்கு. இது தெரியாத ஒருத்தர் பார்த்தா "கிட்னி போகுது"ன்னு பயந்து நல்லா வேலை செஞ்சுக்கிட்டிருந்த மருந்தை நிறுத்திடுவார். அதுக்கப்புறமும் ஏறிக்கிட்டே இருந்தாத்தான் வேற காரணம் தேடணும். டெனோஃபோவிர்ங்கிற எச்.ஐ.வி. மருந்து எடுக்கிறவங்க அப்போ கட்டாயம் பார்க்கணும்.

[திரை: முழங்கால் மூட்டில் போடப்படும் ஊசி.]

அடுத்தது இன்னும் பொல்லாதது, ஏன்னா யாரும் எதிர்பார்க்க மாட்டாங்க. ரிட்டோனாவிர் இல்லைன்னா கோபிசிஸ்டாட் கலந்த எச்.ஐ.வி. மருந்து எடுக்கிற ஒருத்தருக்கு முழங்கால் வலி. எலும்பு டாக்டர் ட்ரையாம்சினலோன் ஊசி போடறார், மத்தவங்களுக்குப் போடற மாதிரியே. அந்த ஸ்டீராய்டை உடைக்க வேண்டிய ஈரல் நொதியை ரிட்டோனாவிர் முடக்கி வெச்சிருக்கு. ஊசி மருந்து வாரக்கணக்கா உடம்புக்குள்ள சுத்துது. சர்க்கரை எகிறுது, முகம் வீங்குது. போதாக்குறைக்கு, உடம்பு தானா ஸ்டீராய்டு சுரக்கிறதையும் நிறுத்திக்குது. மூக்குல அடிக்கிற ஃப்ளூட்டிகாசோன் ஸ்ப்ரேயும் இதைச் செய்யும். "ஸ்ப்ரேதானே"ன்னு நினைச்சு மருந்துப் பட்டியல்ல அதைச் சொல்றதே இல்ல. அதுக்குப் பதிலா பெக்லோமெத்தசோன்னு கேட்டா ஆபத்து குறைவு. ரிட்டோனாவிரும் கோபிசிஸ்டாட்டும் இல்லாத மருந்துல இருக்கிறவங்களுக்கு இந்தக் குறிப்பிட்ட சிக்கல் கிடையாது.

காசநோயும் சேர்ந்துக்கிட்டா ரிஃபாம்பிசின்ங்கிற காசநோய் மருந்து வரும். அது நேரெதிர், ஈரலை வேகப்படுத்தும். கிளிமெபிரைடு, கிளிபென்கிளமைடு மாதிரி சர்க்கரை மாத்திரைகளோட வேலை குறைஞ்சு சர்க்கரை ஏறும். டாக்டர் அளவைக் கூட்டுவார். சிகிச்சை முடிஞ்சு ரிஃபாம்பிசினை நிறுத்தினதும், கூட்டின அளவு அப்படியே இருந்தா சர்க்கரை தடாலடியா இறங்கி மயக்கம் வரலாம். கோ-ட்ரைமாக்சசோல்ங்கிற கிருமிக்கொல்லி மாத்திரை எடுக்கிறவங்களும் இதே மாத்திரைகளோட சேரும்போது கவனமா இருக்கணும், அதுவும் சிறுநீரகம் பலவீனமா இருந்தா.

[திரை: இரண்டு அறைகள். இடையில் மூடிய கதவு.]

இது அத்தனைக்கும் வேர் ஒண்ணுதான். எச்.ஐ.வி.க்கு ஒரு டாக்டர், சர்க்கரைக்கு இன்னொருத்தர். சர்க்கரை டாக்டர்கிட்ட எச்.ஐ.வி. இருக்குன்னு சொல்லாதவங்க ஏராளம். அதுல தப்பு கண்டுபிடிக்க எனக்கு மனசில்ல. சொன்னதும் முகம் மாறுற டாக்டர்களும் இருக்கத்தான் செய்யறாங்க. சொல்ல முடியலைன்னா, குறுக்கு வழியா எச்.ஐ.வி. கிளினிக்கைப் பிடிங்க. அங்கேதான் உங்க விஷயம் ஏற்கெனவே தெரியுமே. சர்க்கரைச் சீட்டு, பிரஷர் சீட்டு, கால்சியம், இரும்புச் சத்து மாத்திரை, அசிடிட்டி மருந்து, ஸ்ப்ரே, எல்லாத்தையும் பையோட கொண்டுபோய்க் கொட்டிக் காட்டுங்க. அசிடிட்டி மருந்தும் முக்கியம். அலுமினியம், மக்னீசியம் இருக்கிற மருந்து டொலுடெகிராவிரை உடம்புல ஏறவிடாது. அதைக் குடிக்கிறதுக்கு 2 மணி நேரம் முன்னாடியோ 6 மணி நேரம் கழிச்சோதான் டொலுடெகிராவிர் போடணும்.

கொழுப்பு மாத்திரையையும் கேளுங்க. 2023ல ரிப்ரீவ்ங்கிற பெரிய ஆய்வு வெளியாச்சு. எச்.ஐ.வி. இருக்கிற 7769 பேர், 40ல இருந்து 75 வயசு. பிடாவாஸ்டாட்டின்ங்கிற கொழுப்பு மாத்திரை எடுத்தவங்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் மாதிரி பெரிய இதய ரத்தக்குழாய் பாதிப்பு 35 சதவீதம் குறைஞ்சுது. சர்க்கரையும் இருந்தா இது இன்னும் அவசியம். ஆனா ரிட்டோனாவிரோட சிம்வாஸ்டாட்டின்ங்கிற கொழுப்பு மாத்திரை சேரவே கூடாது, தசை கரையற ஆபத்து இருக்கு.

பாதம் மரத்துப் போனா எல்லாப் பழியையும் சர்க்கரை மேல போட்டுடாதீங்க. எச்.ஐ.வி.யே அதைச் செய்யும், பழைய ஸ்டாவுடின் செய்யும், காசநோய்க்கான ஐசோனியசிட் செய்யும், பல வருஷம் மெட்ஃபார்மின் எடுத்து பி12 குறைஞ்சாலும் வரும். பி12 குறைவைச் சரி பண்ணிடலாம், அதனால அதை முதல்ல பாருங்க.

[திரை: பழைய சீட்டு, புதிய சீட்டு. தேதி மாறுகிறது.]

கடைசியா, டொலுடெகிராவிரை மாத்தி வேற மருந்து கொடுத்தாங்கன்னா, மெட்ஃபார்மின் தேங்கறது குறையலாம், இல்லைன்னா நின்னுடலாம். நேத்து வரைக்கும் போதுமா இருந்த அதே 1000 இன்னைக்குப் போதாமப் போகலாம், சர்க்கரை ஏறலாம். மருந்து மாத்தின முதல் சில வாரம் வீட்டு மெஷின்ல அடிக்கடி பார்த்து, எண்ணை எழுதி, சர்க்கரை டாக்டர்கிட்ட எடுத்துட்டுப் போங்க.