கல்யாண ஆல்பத்துக்கும் வீடியோவுக்கும் மேக்புக் ஏர் போதுமா, மேக்புக் புரோ வாங்கணுமா?

அடுத்த கேள்வி கோலாலம்பூர் செந்தூல்லேர்ந்து ஒரு தங்கச்சி அனுப்பியிருக்காங்க. அப்படியே படிக்கிறேன்.

"அண்ணே, பகல்ல ஆபீஸ் வேலை. சனி ஞாயிறுல கல்யாண ஆல்பம் டிசைன் பண்ணிக் கொடுக்கிறேன். இப்போ ஹைலைட் வீடியோவும் சேர்த்துக் கேக்குறாங்க. என்கிட்ட இருக்கிறது பழைய விண்டோஸ் லேப்டாப், 8 ஜிபி ரேம். போட்டோஷாப்ல பெரிய பக்கம் திறந்தா நின்னுடுது. கையில 5,000 வெள்ளி இருக்கு. லோ யாட் கம்ப்யூட்டர் மால்ல கேட்டேன், கிரியேட்டிவ் வேலைன்னா புரோதான் எடுக்கணும், மீதிய மாசத் தவணையில கட்டிக்கலாம்னு சொல்றாங்க. மேக்புக் ஏர் எடுத்தா பின்னாடி பத்தாம போயிடுமா?"

தங்கச்சி, உங்க கேள்வியில இருக்கிற வேலைக்கு ஏர் போதும்மா. தவணை போட்டு புரோ எடுக்காதீங்க. ஏன்னு விளக்கமா சொல்றேன். ஏன்னா இதே வீடியோவ பாக்குற வேற ஒருத்தருக்கு புரோதான் சரியா இருக்கலாம். அவங்களும் இத வச்சு முடிவு பண்ணிக்கலாம்.

கடைக்குப் போறதுக்கு முன்னாடி, வீட்டுல அந்தப் பழைய லேப்டாப்லயே ஒரு சோதனை செஞ்சு பாருங்க. வழக்கமா பண்ற வேலைய திறந்து வைங்க. ஆல்பம் பக்கம், பிரவுசர், வாட்ஸ்அப், எல்லாம் எப்பவும் போல. கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூணையும் சேர்த்து அழுத்தினா டாஸ்க் மேனேஜர் வரும். அதுல பெர்ஃபார்மன்ஸ் பக்கத்துக்குப் போங்க. லேப்டாப் எப்போ திணறுதோ அந்த நேரத்துல எது மேல போய் முட்டுதுன்னு பாருங்க. மெமரி, அதாவது ரேம், 90 சதவீதத்தைத் தாண்டி, கூடவே டிஸ்க்கும் 100-ல நின்னா, உங்களுக்குக் குறை ரேம்தான். ரேம் பத்தலைன்னா கம்ப்யூட்டர் டிஸ்க்க தற்காலிக ரேமா எடுத்துக்கும், அது ரொம்ப மெதுவு. சிபியு 100-ல நின்னா சிப் பத்தல. ஜிபியு 100-ல நின்னா கிராஃபிக்ஸ் பத்தல. நீங்க சொல்ற அறிகுறிய பாத்தா, 8 ஜிபில பெரிய போட்டோஷாப் பக்கம் நிக்குதுன்னா, அநேகமா ரேம்தான். ரேம் குறைக்கு புரோ சிப் மருந்து கிடையாது. அது வேற நோய்க்கு உள்ள மருந்து.

இதத்தான் நான் எல்லாருக்கும் சொல்ல விரும்புறேன். "கிரியேட்டிவ் வேலை"ன்னு ஒரே பெட்டியில எல்லாத்தையும் போட்டுப் பேசுறது சரியில்ல. ஆல்பம் டிசைன்ல பெரும்பாலான நேரம் கம்ப்யூட்டர் உங்களுக்காகக் காத்துக்கிட்டு இருக்கும். நீங்க படத்தைத் தேர்ந்தெடுக்கிறீங்க, நகர்த்துறீங்க, எழுத்து போடுறீங்க. அங்க வேகமான சிப்புக்குக் காசு கொடுத்தா அது சும்மாதான் உக்காந்திருக்கும். வீடியோவுல கலர் பண்றது, நாய்ஸ் (இருட்டுல எடுத்த படத்துல வர்ற புள்ளிப்புள்ளி) எடுக்கிறது, எக்ஸ்போர்ட் போடுறது, அங்கதான் நீங்க கம்ப்யூட்டருக்காகக் காத்திருக்கணும். ஒரு வாரத்துல நீங்க அப்படிக் காத்திருக்கிற நேரம் எவ்வளவோ, அந்த நேரத்துக்குத்தான் புரோவுக்குக் கூடக் கொடுக்கிற காசு.

இப்போ ஏர், புரோ ரெண்டுக்கும் நடுவுல நிஜமா என்ன வித்தியாசம்னு பாப்போம். பேரைப் பாத்து ஏமாறாதீங்க. ஆப்பிளோட எம்4 சிப் வரிசையையே எடுத்துக்குங்க. 14 இஞ்ச் மேக்புக் புரோவுல ஆரம்ப மாடல்ல இருக்கிறது எம்4 சிப். ஏர்லயும் எம்4 சிப்தான். வெளிய புரோன்னு எழுதியிருந்தாலும் மூளை ஒண்ணுதான். எம்4 புரோன்னு தனியா ஒரு சிப் இருக்கு, அதுதான் வேற ரகம். அதுல கிராஃபிக்ஸ் கோர் 16-லேர்ந்து 20 வரைக்கும் இருக்கு. எம்4-ல 8 இல்ல 10. மெமரி வேகமும் எம்4-ல விநாடிக்கு 120 ஜிபி, எம்4 புரோவுல 273 ஜிபி. அதனால கடையில "இது புரோ"ன்னு சொன்னா, "உள்ள எந்த சிப்?"னு கேளுங்க.

அடுத்தது விசிறி. ஏர்ல விசிறியே கிடையாது. சத்தமே இருக்காது, ஆனா கனமான வேலைய நிறுத்தாம கொடுத்தா, சூடு ஏற ஏற சிப் தன் வேகத்தைத் தானே குறைச்சுக்கும். நம்ம கே.எல். வெயில்ல, ஏர்கோன் இல்லாத பிளாட்ல, மதியத்துல உக்காந்து எடிட் பண்ணா அது சீக்கிரமே தெரியும். மூணு நாலு நிமிஷ ஹைலைட் எக்ஸ்போர்ட்டுக்கு இது பெரிய விஷயம் இல்ல. அந்த வேலைக்கு சிப்புக்குள்ளயே தனியா ஒரு பகுதி இருக்கு, அது சூடு அதிகம் ஏத்தாம முடிச்சுடும். ஆனா ரெண்டு மணி நேர முழுக் கல்யாண வீடியோவுக்கு நாய்ஸ் எடுத்து, கலர் போட்டு எக்ஸ்போர்ட் பண்றவங்களுக்கு விசிறி வேணும். இன்னொரு பக்கம், மைக் முன்னாடி உக்காந்து பாட்டு, குரல் பதிவு பண்றவங்களுக்கு விசிறி இல்லாத ஏர் ரொம்ப நல்லது.

ஸ்கிரீன். புரோவுல 120 ஹெர்ட்ஸ், அதாவது படம் விநாடிக்கு 120 தடவை மாறும். எச்டிஆர்னு சொல்ற அதிக வெளிச்ச வீடியோவுக்குத் தொடர்ந்து 1,000 நிட்ஸ், உச்சத்துல 1,600 நிட்ஸ். நிட்ஸ்ங்கிறது ஸ்கிரீன் வெளிச்சத்தோட அளவு. ஏர்ல 60 ஹெர்ட்ஸ், 500 நிட்ஸ். பாக்க புரோ ரொம்ப அழகா இருக்கும், அதுல சந்தேகமே இல்ல. ஆனா அச்சடிக்கிற ஆல்பத்துக்கு எச்டிஆர் எதுக்கு? நிற அளவுல ரெண்டும் பி3ங்கிற விரிவான நிற வரம்பு வரைக்கும் காட்டும். கூரைப்புடவை சிவப்பும் மஞ்சள் கயிறும் ரெண்டுலயும் சரியாத்தான் தெரியும்.

ஆல்பம் செய்யறவங்க நிறைய பேரு என்கிட்ட சொல்ற குறை ஒண்ணு இருக்கு. "ஸ்கிரீன்ல பளிச்சுனு இருந்துச்சு, பிரிண்ட் போட்டா இருட்டா வருது"ம்பாங்க. பெரும்பாலும் லேப்டாப் மேல தப்பு இல்ல. ஸ்கிரீன் வெளிச்சத்தை உச்சத்துல வச்சுக்கிட்டு எடிட் பண்ணா, உங்க கண்ணு படத்தை ஏற்கனவே வெளிச்சமா பாக்குது, அதனால நீங்க படத்தை இருட்டா விட்டுடுறீங்க. அச்சு வேலைக்கு 100, 120 நிட்ஸ் பக்கம் இறக்கி வைங்க. ஸ்கிரீன் நிறத்தைத் தானே மாத்துற ட்ரூ டோன், நைட் ஷிஃப்ட் ரெண்டையும் அணைங்க. முடிஞ்சா ஸ்கிரீன் கேலிபிரேட் பண்ற, அதாவது நிறத்தை அளந்து சரி செய்யற, சின்னக் கருவி ஒண்ணு வாங்குங்க, இல்ல நண்பர்கள்கிட்ட இரவல் வாங்கிக்குங்க. கூடக் காசு கொடுத்து வாங்குற புரோவ விட இந்தப் பழக்கம் உங்க ஆல்பத்தை நல்லா ஆக்கும்.

ரேம் விஷயம் முக்கியம். மேக்புக்ல ரேம் சிப்போட சேர்ந்தே வருது, பின்னாடி போட முடியாது. ஸ்டோரேஜும் அப்படித்தான். வாங்குற அன்னிக்கு என்ன வாங்குறீங்களோ, கடைசி வரைக்கும் அதுதான். எம்4 ஏர் 16 ஜிபில ஆரம்பிக்குது, உங்க வேலைக்கு அது தாராளம். வீடியோவ முழுநேரமா எடுத்துக்கப் போறீங்கன்னா 24 ஜிபிக்குப் போங்க. பழைய 8 ஜிபி எம்1, எம்2 ஏர் மலிவா கிடைக்குதுன்னு யாராவது காட்டினா, உங்களுக்கு வேணாம்மா. இப்போ எந்தக் குறையால அவதிப்படுறீங்களோ அதையே திரும்பக் காசு கொடுத்து வாங்குற மாதிரி ஆயிடும்.

ஸ்டோரேஜ் பத்தி கொஞ்சம் நேரம் எடுத்துப் பேசறேன், ஏன்னா கல்யாண வேலை பண்றவங்க இங்கதான் மாட்டிக்குறாங்க. கேமரா 100 எம்பிபிஎஸ்ல, அதாவது விநாடிக்கு 100 மெகாபிட் அளவுல, 4கே எடுத்தா ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி. ரெண்டு கேமரா, ஆளுக்கு நாலு மணி நேரம்னு வைங்க, 360 ஜிபி ஆச்சு. ஒரே ஒரு கல்யாணம். எம்4 ஏர்ல அடிப்படை ஸ்டோரேஜ் 256 ஜிபி. ஒரு கல்யாணம்கூட அதுக்குள்ள அடங்காது. அதுக்காக 1 டிபி லேப்டாப்புக்கு ஓட வேணாம், அங்க ஸ்டோரேஜ் ஏத்துறதுக்கு விலை ரொம்ப ஜாஸ்தி. வெளிய வைக்கிற எஸ்எஸ்டி வாங்குங்க, 10 ஜிபிபிஎஸ் வகை. அதுலேர்ந்தே நேரா எடிட் பண்ணலாம். விண்டோஸ்லயும் மேக்லயும் ரெண்டுலயும் வேலை செய்யணும்னா எக்ஸ்ஃபேட்ல ஃபார்மேட் பண்ணுங்க.

அதோட நிறுத்தாதீங்க. தாலி கட்டுறத யாரும் ரெண்டாவது தடவை கட்டிக் காட்ட மாட்டாங்க. பத்துமலை மண்டபத்துல நடந்ததோ, பிரிக்பீல்ட்ஸ் கோயில்ல நடந்ததோ, அந்த நிமிஷம் உங்க கார்டுல மட்டும்தான் இருக்கு. அதனால மூணு பிரதி வைங்க. ஒண்ணு எடிட் பண்ற எஸ்எஸ்டில, ஒண்ணு சாதாரண ஹார்ட் டிஸ்க்ல, இன்னொண்ணு வேற ஒரு வீட்டுல, அம்மா வீட்டுலயோ அக்கா வீட்டுலயோ. கார்டையும் பிரதி சரியா இருக்கான்னு திறந்து பாத்த பிறகுதான் அழிக்கணும். உங்க 5,000-ல ஏர் வாங்கின பிறகு மிஞ்சுறது முதல்ல இதுக்குத்தான் போகணும். மிச்சம் பத்தலைன்னா, கேமரா பைய அடுத்த மாசம் பாத்துக்கலாம், டிஸ்க்க தள்ளிப் போடாதீங்க.

துவாரங்களும் கவனிங்க. ஏர்ல ரெண்டு தண்டர்போல்ட்டும் சார்ஜ் பண்ற மேக்சேஃபும் இருக்கு. எஸ்டி கார்டு போடுற இடம் கிடையாது, எச்டிஎம்ஐ கிடையாது. புரோவுல ரெண்டும் இருக்கு. மண்டபத்துலயே கார்டைக் காலி பண்ற வேலை உங்களுக்கு இருந்தா, நல்ல கார்டு ரீடர் ஒண்ணு சேர்த்து வாங்குங்க. அது சின்ன செலவு.

இன்னொரு விஷயம் கடைக்காரங்க பெரும்பாலும் சொல்றதில்ல. உங்க கேமரா எந்த மாதிரி கோப்பு எழுதுது? சோனி ஏ7 4, எஃப்எக்ஸ்3 மாதிரி கேமராக்கள் எச்.265ங்கிற சுருக்க முறையில 10 பிட் 4:2:2, அதாவது நிற விவரம் கூடுதலா இருக்கிற வீடியோ, எடுக்க முடியும். அந்தக் கோப்பை லேசா ஓட்டுறதுக்குச் சிப்புல தனி வசதி வேணும். ஆப்பிள் சிப்புல அது இருக்கு, ஏர்லயும் இருக்கு. இன்டெல்லோட புதுச் சிப்புகள்ல குவிக் சிங்க்ங்கிற வீடியோ பகுதி வழியா இருக்கு. என்விடியா கிராஃபிக்ஸ் கார்டுல 2025-ல வந்த ஆர்டிஎக்ஸ் 50 வரிசையிலேர்ந்துதான் இருக்கு. இது தெரியாம விலை கூடின கேமிங் லேப்டாப் வாங்கிட்டு, டைம்லைன் தட்டித் தட்டி ஓடுதேன்னு கவலைப்படுறவங்க உண்டு. அப்படி மாட்டிக்கிட்டா, ப்ராக்சி போடுங்க. டாவின்சி ரிசால்வ், பிரீமியர் ரெண்டுமே கனமான கோப்புக்கு லேசான நகல் செஞ்சு கொடுக்கும். நகலை வச்சு எடிட் பண்ணுங்க, எக்ஸ்போர்ட் அசல்லேர்ந்து போகும். ரிசால்வ்ல இலவசப் பதிப்பு அல்ட்ரா எச்டி வரைக்கும், அதாவது 3840க்கு 2160 வரைக்கும் கொடுக்குது. ஹைலைட் வேலைக்கு இது நிறைய.

விண்டோஸ் வாங்க நினைக்கிறவங்களுக்குச் சுருக்கமா சொல்லிடுறேன். ஸ்கிரீன் எவ்வளவு நிறம் காட்டும்ங்கிற விவரத்துல 45 சதவீதம் என்டிஎஸ்சின்னு போட்டிருந்தா வேணாம், நிறம் வெளுத்துப் போய்த் தெரியும். 100 சதவீதம் எஸ்ஆர்ஜிபின்னு இருக்கணும். ரேம் பிறகு கூட்ட முடியுமா, இல்ல போர்டுலயே ஒட்டியிருக்கான்னு கேளுங்க. கூட்ட முடிஞ்சா அது பெரிய லாபம். கிராஃபிக்ஸ் கார்டு பேரு ஒண்ணா இருந்தாலும் எத்தனை வாட் கொடுக்கிறாங்கங்கிறது மாடலுக்கு மாடல் மாறும். லேப்டாப் ஆர்டிஎக்ஸ் 4060-ல அது 35-லேர்ந்து 115 வாட் வரைக்கும் இருக்கு, வேகமும் அதுக்கேத்த மாதிரிதான்.

சரி, யாருக்குப் புரோ? மூணு நாலு கேமராவ ஒரே டைம்லைன்ல வச்சு வாரம் முழுக்க எடிட் பண்றவங்க, ஆஃப்டர் எஃபெக்ட்ஸ், பிளெண்டர் பண்றவங்க, இருட்டு மண்டபத்துல எடுத்ததுக்கு நாய்ஸ் எடுத்தே ஆகணும்ங்கிறவங்க, ஒரு நாள் தாமதம் ஆனா வாடிக்கையாளர் கிட்ட பேரு கெடும்ங்கிற அளவுக்கு வேலை குவிஞ்சிருக்கிறவங்க. இவங்களுக்கு அந்தக் காசு திரும்பி வரும். உங்களுக்கும் அந்த நாள் வரலாம் தங்கச்சி, வரணும்னு ஆசைப்படுறேன். அப்போ ஏர நல்ல விலைக்குக் கொடுத்துட்டு மாறிக்கலாம். வேலை வர்றதுக்கு முன்னாடி மாசா மாசம் தவணை கட்ட ஆரம்பிச்சா, வேலை குறைஞ்ச மாசத்துல கைய கடிக்கும். ஆடி மாசம் நம்ம ஆளுங்க கல்யாணம் வைக்கிறதில்லைங்கிறது உங்களுக்கே தெரியும்.

வாங்குறதுக்கு முன்னாடி ஒரு தடவை கே.எல். டிஆர்எக்ஸ் மால்ல இருக்கிற ஆப்பிள் கடைக்குப் போங்க, 2024 ஜூன்ல திறந்தாங்க. ஏர், புரோ ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க, தூக்கிப் பாருங்க. 13 இஞ்ச் ஏர் 1.24 கிலோ, 14 இஞ்ச் புரோ 1.55 கிலோ. எல்ஆர்டில தினமும் சுமக்கிறவங்களுக்கு அது தெரியும். அப்புறம் லோ யாட்ல விலை கேளுங்க, உத்தரவாதம் உள்ளூர் உத்தரவாதமான்னு கேட்டுக்குங்க.

ரசீத உங்க பேருல வாங்குங்க. வருமான வரிக் கணக்குல லைஃப்ஸ்டைல் கழிவுன்னு 2,500 வெள்ளி வரைக்கும் இருக்கு, அதுல கம்ப்யூட்டரும் சேரும். ஆனா அது சொந்த உபயோகத்துக்கு வாங்கினா மட்டும்தான். தொழிலுக்கு வாங்கினா அதுல காட்டக் கூடாது, தொழில் கணக்குல வேற விதமா காட்டணும். நீங்க ஆல்பத்துக்குக் காசு வாங்குறீங்க, அதனால வரிக் கணக்குப் பாக்குறவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்குங்க.

தங்கச்சி, உங்க கேமரா மாடல் என்னன்னு கீழ எழுதுங்க. 4:2:2 எடுக்குமா எடுக்காதான்னு பாத்து, ரேம் 16 போதுமா 24 வேணுமான்னு சொல்றேன்.