பழைய ஜீப்பை மலைக்கு ஆயத்தம் செய்தல்

நேயர்களுக்கு வணக்கம்.

போடிநாயக்கனூரில் பொழுது விடிவதற்கு முன்பே ஜீப்புகள் உறுமத் தொடங்கிவிடும். ஏலத் தோட்டங்களில் காய் எடுக்கச் செல்லும் பெண்களை ஏற்றிக்கொண்டு, அவை போடிமெட்டு ஏறி, கேரள எல்லைக்குள் நுழைந்து, தார் முடிகிற இடத்தில் கல்லும் சேறுமான தோட்டப் பாதைகளுக்குள் திரும்பிவிடும். அந்த வண்டிகளின் சத்தத்தைக் கேட்டே வளர்ந்தவன் என்பதால், ஒரு தோட்டத்தார் கழித்துவிட்ட மகிந்திரா எம்.எம்.540 ஜீப் விலைக்கு வந்தபோது, அதன் தரையில் கை நுழையும் அளவுக்கு ஓட்டை இருந்ததையும் பொருட்படுத்தாமல் வாங்கிவிட்டேன். அந்த வண்டியில் எதையெல்லாம் மாற்றினேன், எதை மாற்றாமலே விட்டிருக்கலாம் என்பதைப் பற்றிப் பேச நிலையத்தார் எனக்கு வாய்ப்பளித்திருக்கிறார்கள்.

இரண்டாம் உலகப் போருக்காக அமெரிக்காவில் வில்லிஸ் நிறுவனம் செய்த ஜீப்தான் இந்த வண்டிகளுக்கெல்லாம் மூதாதை. 1947-இல் மகிந்திரா நிறுவனத்தார் அதன் பாகங்களை இந்தியாவில் சேர்த்துப் பூட்டத் தொடங்கினர். அதன் பிறகு பெயர்களும் இஞ்சின்களும் மாறினவே தவிர, ஏணி போன்ற இரும்புச் சட்டம், முன்னும் பின்னும் முழு அச்சு, அவற்றின் மேல் சட்டத்தைத் தாங்கும் இரும்பு வில் பட்டைகள் என்ற எலும்புக்கூடு பல பத்தாண்டுகளுக்கு மாறவே இல்லை. என் வண்டியில் இருப்பது எக்ஸ்.டி.பி. 4.90 என்ற பெஜோ டீசல் இஞ்சின். நான்கு சிலிண்டர், ஒவ்வொன்றின் குறுக்களவு 90 மில்லிமீட்டர் என்பதே அந்த எண்ணின் பொருள். கொள்ளளவு 2112 சி.சி. இன்றைய கார் ஓட்டுநர் ஒருவர் இதன் வேகத்தைக் கண்டால் சிரிப்பார். ஆனால் மலையில் வேகம் யாருக்கு வேண்டும்?

பழைய ஜீப் வாங்கியவர் அனைவருக்கும் முதலில் தோன்றும் ஆசை, அதை உயர்த்திப் பெரிய டயர் போட வேண்டும் என்பதுதான். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. பட்டைகளைச் சட்டத்தோடு இணைக்கும் ஷேக்கிள் என்ற சிறு இணைப்பை நீளமாக அடித்துப் பொருத்தி, கூடுதலாக ஒரு பட்டையையும் சேர்த்து, மூன்று அங்குலம் உயர்த்திவிட்டேன். தெருவில் நிறுத்தியபோது வண்டி கம்பீரமாகத்தான் இருந்தது. தேனி சாலையில் அறுபது கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டதும் ஸ்டீயரிங் என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு ஆடத் தொடங்கியது. நிறுத்தும் வரை அந்த நடுக்கம் நிற்கவில்லை.

மறுநாள் எங்கள் ஊர் மெக்கானிக் ஒருவரிடம் கொண்டுபோனேன். ஜீப்பிலேயே நரை கண்டவர். வண்டியின் உயரத்தை அவர் கவனித்ததாகவே தெரியவில்லை. முன் சக்கரம் ஒன்றை ஜாக்கியில் தூக்கி, டயரின் மேலும் கீழும் பிடித்து ஒருமுறை உலுக்கினார். கடகடவென்று சத்தம் கேட்டது. சக்கரம் திரும்புவதற்கான அச்சாணியான கிங்பின் தேய்ந்திருந்தது. இரு முன் சக்கரங்களையும் இணைக்கும் டை ராட்டின் முனை, பட்டைகளின் புஷ், ஸ்டீயரிங் பெட்டி என்று ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினார். எல்லாவற்றிலும் சிறிது சிறிது ஆட்டம் இருந்தது. அதோடு, ஷேக்கிளை நீட்டியதால் முன் அச்சு லேசாகச் சுழன்று, சக்கரம் தானாக நேருக்குத் திரும்பி வருவதற்குத் தேவையான கேஸ்டர் சாய்வு குறைந்துபோயிருந்தது. தேய்மானத்தை இத்தனை நாள் மூடி வைத்திருந்த அந்தச் சாய்வை நானே கெடுத்திருந்தேன்.

பின்பு சட்டத்தையே ஜாக்கியில் தூக்கினார். பின் அச்சு தொங்கியது. "தம்பி, இதைப் பாருங்க" என்று விரலால் சுட்டினார். சட்டத்திலிருந்து அச்சுக்கு இறங்கும் பிரேக் ஆயில் ரப்பர் குழாய், வீணைத் தந்திபோல விறைத்து நின்றது. விரலால் சுண்டினால் ஒலிக்கும் போலிருந்தது. வண்டியை உயர்த்தினேன், குழாயின் நீளம் பழைய நீளமாகவே இருந்தது. குழியில் ஒரு சக்கரம் முழுதும் இறங்கியிருந்தால் அது அறுந்து, மலை இறக்கத்தில் எனக்குப் பிரேக் இல்லாமல் போயிருக்கும். இஞ்சினின் சுழற்சியை அச்சுக்குக் கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்டின் கோணமும் கூடி, அதன் இரு முனையிலும் இருக்கும் கிராஸ் ஜாயிண்டுகள் சூடேறத் தொடங்கியிருந்தன.

அன்று முதல் நான் கடைப்பிடிக்கும் வரிசை இது: வண்டி தொழிற்சாலையிலிருந்து வந்த நாளில் எப்படி இருந்ததோ அந்த நிலைக்கு அதை முதலில் கொண்டுவர வேண்டும், பழுது தீர்ந்த பிறகே மாற்றத்தைப் பற்றி நினைக்க வேண்டும். ஸ்டீயரிங், பிரேக், பட்டை, புஷ், குழாய்கள், சட்டத்தில் துரு அரித்த இடங்கள், குறிப்பாகப் பட்டையின் தாங்கி பற்றவைக்கப்பட்ட மூலைகளில் தலைமுடி போல ஓடும் விரிசல்கள் ஆகிய அனைத்தையும் முடிக்க எனக்கு ஒன்றரை ஆண்டு ஆனது. வெளியே பார்ப்பவருக்கு அந்த ஒன்றரை ஆண்டில் வண்டியில் எதுவுமே நடக்கவில்லை. கழற்றிய நீள ஷேக்கிள்களை எடைக்குப் போட்டேன். கூடுதல் பட்டை கொல்லுப் பட்டறைக்குப் போய் இரண்டு அரிவாள்களாகத் திரும்பி வந்தது. அந்த மூன்று அங்குல உயரத்தால் எனக்குக் கிடைத்த ஒரே பயன் அதுதான்.

உயர்த்துவதைப் பற்றி இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பட்டையை மாற்றி உயர்த்தினால் உயர்வது உடம்பும் சட்டமும்தான். வளைவில் இரு சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுழல வழிசெய்யும் டிஃபரன்ஷியல் என்ற பற்சக்கரத் தொகுதியின் உறை, அச்சின் நடுவில் பூசணிக்காய் போல உருண்டிருக்கும்; அது பழைய இடத்திலேயே இருக்கும். பாறை இடிப்பதும் பெரும்பாலும் அந்த உறையைத்தான். அதை உயர்த்த டயர் பெரிதாவதைத் தவிர வேறு எளிய வழி இல்லை. அதிலும் டயரின் குறுக்களவு இரண்டு அங்குலம் கூடினால் உறை ஓர் அங்குலம்தான் உயரும். ஆகவே டயரைக் கொஞ்சம் பெரிதாக்கலாம் என்றுதான் நானும் சொல்வேன். ஆனால் அந்தக் 'கொஞ்சம்' எவ்வளவு என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது.

என் வண்டிக்கும் மூத்த வகையான சி.ஜே.3பி ஜீப்பைக் கணக்குக்கு எடுத்துக்கொள்வோம். அதன் முதல் கியர் விகிதம் ஏறத்தாழ 2.8. இரண்டாவது சிறு லிவரைத் தாழ்நிலைக்குத் தள்ளும்போது சுழற்சியை முன், பின் அச்சுகளுக்குப் பிரித்தனுப்பும் டிரான்ஸ்ஃபர் கேஸ் என்ற பெட்டி தருவது 2.46. அச்சுக்குள் இருக்கும் கிரவுன், பினியன் என்ற பற்சக்கரங்கள் தருவது 5.38. மூன்றையும் பெருக்கினால் 37 வரும். இஞ்சின் 37 சுற்றுச் சுற்றினால்தான் சக்கரம் ஒரு சுற்று. இஞ்சின் நிமிடத்திற்கு ஆயிரம் சுற்றில் ஓடும்போது, ஏறத்தாழ 28 அங்குலம் உள்ள அதன் பழைய டயரில், வண்டி மணிக்கு மூன்றரை கிலோமீட்டர் போகும். தலையில் சுமையோடு ஏற்றம் ஏறுகிறவரின் நடைதான் அது. ஆக்ஸிலரேட்டரைத் தொடாமலே, ஒரு பாறையின் மேல் ஒரு சக்கரத்தை வைத்து, இறக்கி, அடுத்ததை வைக்க முடிவது இதனால்தான். இதே வண்டிக்கு 33 அங்குல டயரைப் போட்டால் வேகம் நாலேகால் கிலோமீட்டராகி, தரையில் கிடைக்கும் இழுவையில் ஏழில் ஒரு பங்கு போய்விடும். கிளட்ச்சும் பிரேக்கும் அந்த வேறுபாட்டைச் சுமக்க வேண்டும். நான் இரண்டு அங்குலத்தோடு நிறுத்திக்கொண்டேன்.

நான்கு சக்கர இழுவை என்றால் நான்கு சக்கரமும் எப்போதும் இழுக்கும் என்று பலர் எண்ணுகிறார்கள். அப்படியல்ல. பழைய ஜீப்பின் ஒவ்வொரு அச்சிலும் இருக்கும் டிஃபரன்ஷியல், இரு சக்கரங்களுக்கும் ஒரே அளவு முறுக்கை, அதாவது சுழற்றும் விசையைத்தான் பகிர்ந்தளிக்கும். ஒரு சக்கரம் ஆகாயத்தில் தொங்கினால் அதைச் சுழற்ற முறுக்கே தேவையில்லை. எனவே தரையில் இருக்கும் இன்னொன்றுக்கும் ஏதும் கிடைக்காது. முன்னால் ஒன்றும் பின்னால் எதிர்மூலையில் ஒன்றும் ஒரே நேரத்தில் தொங்கிவிட்டால் வண்டி நின்ற இடத்திலேயே கத்திக்கொண்டிருக்கும். மென்மையான பட்டைகள் இருந்தால் சக்கரங்கள் பள்ளத்தோடு இறங்கித் தரையைத் தொட்டுக்கொண்டே இருக்கும். பட்டை சேர்த்து விறைப்பாக்கிய வண்டியோ கட்டில் போல மூன்று காலில் நிற்கும். உயர்த்தியவர் இழப்பது இதையும்தான்.

அந்த இரண்டாவது லிவரை உலர்ந்த தார்ச் சாலையில் தொடவே கூடாது. முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் நடுவில் டிஃபரன்ஷியல் இல்லாததால், வளைவில் முன் சக்கரங்கள் கடக்கும் கூடுதல் தூரம் எங்கும் போக வழியின்றி ஷாஃப்டுகளிலும் பற்சக்கரங்களிலும் முறுக்காகச் சேர்ந்துகொள்ளும். சேற்றில் டயர் வழுக்கி அந்த முறுக்கு கழன்றுவிடும். தாரில் கழல இடமில்லை.

கைப்பிரேக்கைப் பற்றிச் சொல்லாமல் போனால் என் மனம் ஆறாது. பழைய வில்லிஸ் வழி ஜீப்புகளில் அது சக்கரத்தைப் பிடிப்பதில்லை; டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்னால் புரொப்பெல்லர் ஷாஃப்டைப் பிடிக்கிறது. ஒருநாள் தோட்டப் பாதையில் பின் டயர் பஞ்சரானபோது, லேசான சரிவு என்று கைப்பிரேக்கை மட்டும் நம்பி, சக்கரத்தை ஜாக்கியில் தூக்கினேன். டயர் தரையை விட்ட நொடியில் வண்டி பின்னோக்கி நகரத் தொடங்கியது. ஷாஃப்ட் அசையவில்லை, ஆனால் தொங்கிய சக்கரம் ஒரு பக்கம் சுழல, தரையில் இருந்த சக்கரம் எதிர்ப்பக்கம் உருண்டது. டிஃபரன்ஷியல் அதற்குத் தாராளமாக இடம் கொடுத்தது. ஜாக்கி சாய்ந்து, வண்டி நல்ல வேளையாகக் காப்பிச் செடி ஒன்றின் மேல் போய் உட்கார்ந்தது. செடிக்காரருக்கு நான் பதில் சொல்ல வேண்டியிருந்தது என்பது தனிக்கதை. அதன் பிறகு, ஜாக்கியைத் தொடுவதற்கு முன் முன் சக்கரங்களை அச்சுத் தண்டோடு இணைக்கும் ஹப்புகளைப் பூட்டி நான்கு சக்கர இழுவையில் போட்டு, தரையில் இருக்கும் சக்கரங்களுக்கு இரு பக்கமும் கல்லும் வைப்பேன். இரண்டு மரக்கட்டைகள் இருக்கைக்கு அடியில் நிரந்தரமாகக் கிடக்கின்றன.

மாற்றங்களிலேயே மிக மலிவானது டயரின் காற்றைக் குறைப்பது. அதற்குக் காசே தேவையில்லை. தார்ச் சாலையில் 28 பவுண்டு வைத்திருக்கும் டயரை, தார் முடியும் இடத்தில் 18 பவுண்டுக்கு இறக்கினால், டயர் தரையில் நீளமாகப் படிந்து கல்லைக் கவ்வும், உதறலும் பாதியாகும். 15-க்குக் கீழே போனால் கூர்மையான திருப்பத்தில் டயர் ரிம்மை விட்டுக் கழலக்கூடும் என்பதால் நான் அதற்குக் கீழே போவதில்லை. திரும்பும்போது காற்றடிக்காமல் தார்ச் சாலையில் வேகமாக ஓட்டினால் டயரின் பக்கச் சுவர் மடங்கி மடங்கிச் சூடேறிக் கிழிந்துவிடும். ஆகவே பேட்டரியில் ஓடும் சிறு காற்றடிப்பான் ஒன்று வண்டியில் இருக்க வேண்டும். வண்டியை வடத்தால் இழுக்கும் வின்ச் வாங்கும் காசை இதற்கும், சிக்கிய வண்டியைக் கட்டி இழுக்கும் ஒரு நல்ல நாடாவுக்கும், வண்டியின் சட்டத்தில் முறையாகப் பொருத்தப்பட்ட கொக்கிகளுக்கும் முதலில் செலவிடலாம். பம்பரில் கட்டி இழுத்து, பம்பரே பறந்து வந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

ஓடையில் இறங்குவதற்கு முன் ஒருவர் இறங்கி நடந்து பார்க்க வேண்டும். டீசல் இஞ்சினில் தீப்பொறி இல்லாததால் நனைந்தாலும் அது நிற்காது. ஆனால் காற்று வாங்கும் குழாய்க்குள் தண்ணீர் புகுந்தால் கதை வேறு. இந்த இஞ்சினின் பிஸ்டன் காற்றை இருபது மடங்குக்கும் மேல் அழுத்துகிறது. மேலே மிஞ்சும் இடம், குழந்தைக்கு மருந்து புகட்டும் பாலாடை ஒன்றின் கொள்ளளவுதான். அவ்வளவு தண்ணீர் புகுந்தாலே, தண்ணீர் அழுந்தாது என்பதால், பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராட் வளைந்துவிடும். இன்னொரு வழியாகவும் தண்ணீர் வரும். ஓடிச் சூடான அச்சு குளிர்ந்த நீரில் இறங்கியதும் உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, மூச்சுத் துளை வழியாக நீரை உறிஞ்சிக்கொள்ளும். அந்தத் துளையில் ஒரு ரப்பர் குழாயைச் செருகி, உயரமாகக் கொண்டுபோய்ச் சட்டத்தில் கட்டிவிடலாம். இதைவிடக் குறைந்த செலவில் இதைவிட நல்ல மாற்றத்தை நான் செய்ததில்லை.

அரசின் சட்டத்தைப் பற்றியும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தயாரிப்பாளர் குறித்த விவரங்களும் பதிவுச் சான்றில் உள்ளவையும் மாறும்படி வண்டியைத் திருத்தக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு கூறுகிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. இஞ்சின் மாற்றம் போன்றவற்றைத் தொடுவதற்கு முன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும். காப்புக்காடுகளுக்குள் அனுமதியின்றி வண்டியை ஓட்டுவது குற்றம். அதை வீரமாகப் பேசுகிறவர்களோடு எனக்கு உறவில்லை. கொழுக்குமலை தமிழ்நாட்டில் இருந்தாலும், வண்டிப் பாதை கேரளத்துச் சூரியநெல்லியிலிருந்துதான் ஏறுகிறது. வாடகை ஜீப்பின் பின்னிருக்கையில் அமர்ந்து ஒருமுறை அங்கே போய் வாருங்கள். எந்தக் கல்லில் எந்தச் சக்கரத்தை வைப்பது என்று ஓட்டுநர் முடிவு செய்யும் நிதானத்தைக் கூர்ந்து கவனியுங்கள். அவர்களுடைய வண்டிகள் பெரும்பாலும் உயர்த்தப்படாதவை என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மலையிலிருந்து திரும்பிய அன்று மாலை எனக்கு அரை மணி நேர வேலை இருக்கும். பட்டைகளை அச்சோடு பிணைக்கும் யூ போல்ட்டுகளை இறுக்கிப் பார்ப்பேன். பிரேக் குழாய்களைக் கையால் தடவி உராய்ந்த தடம் இருக்கிறதா என்று தேடுவேன். பிறகு, சாக்கை விரித்துப் படுத்து, டிஃபரன்ஷியலின் ஆயில் மூடியைத் திறந்து விரலை உள்ளே விடுவேன். விரலில் ஒட்டுவது தேன் நிறத்தில் இருந்தால் மூடியை இறுக்கிவிட்டுக் குளிக்கப் போகலாம். பால் கலந்த காப்பியின் நிறத்தில் இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. எவ்வளவு களைப்பாக இருந்தாலும் அன்றிரவே வடித்துவிட வேண்டும்.

வணக்கம்.