நேபாளத்து மின்சாரம் வங்கதேசம் போகும் வழி

நேயர்களுக்கு வணக்கம்.

நேபாளத்தில் மழைக்காலம் வந்துவிட்டால் ஆறுகள் எல்லாம் நிறைந்து ஓடும். அங்குள்ள நீர்மின் நிலையங்களில் பெரும்பாலானவை ஓடும் ஆற்றை வைத்தே இயங்குபவை. பெரிய அணை கட்டித் தண்ணீரைத் தேக்குவதில்லை. அதனால் அந்த மாதங்களில் விற்க முடியாத மின்சாரம் வெறும் தண்ணீராக ஓடி வீணாகிவிடும். குளிர்காலத்தில் ஆறு வற்றும், மின்சாரத்துக்கு இந்தியாவிடம் கையேந்த வேண்டும். வங்கதேசத்தில் நிலைமை நேர்மாறு. வெயிலிலும் மழையிலும் மின்தேவை உச்சத்தில் இருக்கும், குளிரில் குறைந்துவிடும். ஒருவருக்கொருவர் கொடுத்து வாங்க இதைவிடப் பொருத்தமான இரண்டு நாடுகள் கிடைப்பது அரிது.

இரண்டுக்கும் நடுவே இருப்பது மேற்கு வங்கத்தின் சிலிகுரிப் பகுதி. மிகக் குறுகலான இடத்தில் இருபது சொச்சம் கிலோமீட்டர்தான். ஆனாலும் 40 மெகாவாட் மின்சாரம் அந்தப் பக்கம் போய்ச் சேரப் பல ஆண்டுகள் பேச வேண்டியிருந்தது. 2024 அக்டோபர் 3 அன்று காத்மாண்டுவில் மூன்று தரப்பும் கையெழுத்திட்டன. நேபாள மின்சார வாரியம் விற்கும், வங்கதேச மின் மேம்பாட்டு வாரியம் வாங்கும், மின் வணிகம் செய்யும் நம் அரசு நிறுவனமான என்.வி.வி.என். நடுவில் நின்று கொண்டுபோய்ச் சேர்க்கும். ஆண்டுதோறும் ஜூன் 15 முதல் நவம்பர் 15 வரை, யூனிட்டுக்கு 6.4 அமெரிக்க சென்ட். முழுப் பருவத்துக்கான வழங்கல் 2025 ஜூனில் தொடங்கியது. ஒரு பருவத்தில் நேபாளத்துக்குச் சுமார் 90 லட்சம் டாலர் கிடைக்கும். தொகை சிறியதுதான், வழி திறந்தது பெரிய விஷயம்.

அந்த வழியைக் கொஞ்சம் பாருங்கள். நேபாளத்தின் தல்கேபாரிலிருந்து பீகாரின் முசாபர்பூருக்கு 400 கிலோவோல்ட் கம்பி வருகிறது. விலைக்கான கணக்கு முசாபர்பூர் மீட்டரில் எடுக்கப்படுகிறது. பிறகு நாடெங்கும் பின்னிக் கிடக்கும் இந்திய மின்வலை, அதாவது கிரிட். மேற்கு வங்கத்தின் பஹரம்பூரில் இருந்து எல்லை தாண்டி வங்கதேசத்தின் பேராமாரா. வங்கதேசத்து கிரிட் நம்முடையதோடு இணைந்து ஓடுவதில்லை. ஆகவே பேராமாராவில் மாறுதிசை மின்சாரத்தை நேர்மின்சாரமாக்கி, அதை மறுபடியும் மாறுதிசையாக்கி அனுப்புகிறார்கள். அந்த நிலையத்தின் திறன் 1000 மெகாவாட். 40 மெகாவாட் அதில் ஒரு மூலைக்குக்கூடக் காணாது!

இன்னொன்றும் சொல்ல வேண்டும். முசாபர்பூரில் உள்ளே வந்த மின்சாரம்தான் பேராமாராவில் இறங்குகிறது என்று யாராலும் காட்ட முடியாது. இங்கே இவ்வளவு போட்டார்கள், அங்கே அவ்வளவு எடுத்தார்கள் என்ற கணக்கு மட்டுமே உண்டு. மின்சாரத்துக்கு ஊரும் பெயரும் கிடையாது.

ஆனால் நம் விதிகள் அதற்கு ஊரையும் பெயரையும் கேட்கின்றன. 2016இல் வந்த வழிகாட்டுதல், இந்தியர் பங்கு 51 சதவீதமாவது உள்ள நிலையங்களுக்கே எளிதாக வழிவிட்டது. நேபாளமும் பூடானும் வருத்தப்பட்டன. 2018இல் அது தளர்த்தப்பட்டது. 2019இல் மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையம் எல்லை தாண்டிய மின் வணிகத்துக்கென்று தனி விதிமுறைகளே கொண்டுவந்தது. நல்ல முன்னேற்றம். அப்புறம் 2021இல் வந்த நடைமுறை சீனப் பங்களிப்புள்ள நிலையங்களுக்குக் கதவை மூடியது. அந்த ஆண்டு நவம்பரில் நேபாளம் நம் மின் சந்தையில் முதன்முதலாக விற்றது 39 மெகாவாட். திரிசூலி, தேவிகாட் என்ற இரண்டு நிலையங்களின் மின்சாரம் அது. இரண்டுமே இந்திய உதவியில் கட்டப்பட்டவை. 456 மெகாவாட் அப்பர் தாமாகோஷியோ நேபாள மக்களின் சேமநிதிப் பணத்தில் எழுந்தது. கட்டுமான ஒப்பந்தம் சீன நிறுவனத்திடம் போனதால் அதன் மின்சாரத்துக்கு இங்கே அனுமதி கிடைக்கவில்லை.

எல்லைப் பாதுகாப்புக் கவலையை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. கிரிட்டோடு பேசும் கருவிகளையும் மென்பொருளையும் சல்லடை போட்டுச் சோதிக்கட்டும், அது சரி. மலைக்குள் சுரங்கம் தோண்டியவர் யார் என்பதை வைத்து மின்சாரத்தைத் தடுப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. அனுமதியையும் ஆண்டுக்கொருமுறை புதுப்பிக்க வேண்டும் என்றால், முப்பது ஆண்டுக் கடன் வாங்கி நீர்மின் நிலையம் கட்ட எவர் துணிவார்?

இதை ஒரு வாய்க்காலாக நினைத்துப் பாருங்கள். அது நடுத்தோட்டக்காரர் நிலத்தின் வழியாகத்தான் போகிறது. அவரே மடையைத் திறக்கிறார், முறையும் வைக்கிறார், தகராறு வந்தால் தீர்ப்பும் அவரே சொல்கிறார் என்றால் கடைமடைக்காரர் என்ன செய்வார்? அவர் நல்லவராகவே இருந்தாலும் இந்த ஏற்பாடு சரியில்லை.

ஐரோப்பா இந்தச் சிக்கலைப் பார்த்துவிட்டது. அங்கே ஸ்லோவேனியாவின் லுப்லியானாவில் 2011 முதல் மின்சார ஒழுங்குமுறைக்கென்று ஒரு பொது முகமை இயங்குகிறது. இரண்டு நாடுகளின் ஆணையங்கள் ஒத்துப்போகாதபோது முடிவெடுக்கும் அதிகாரம் அதற்கு உண்டு. எல்லைக் கம்பிகளின் திறனில் குறைந்தது 70 சதவீதத்தை அண்டை நாட்டு வணிகத்துக்குத் திறந்துவைக்க வேண்டும் என்று 2019இல் சட்டமே போட்டார்கள். எல்லாரும் ஒழுங்காகக் கடைப்பிடித்தார்கள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் மீறினால் போய்க் கேட்க ஓர் இடம் இருக்கிறது. எரிவாயுவிலும் அப்படியே. என்னிடம் வாங்கியதைப் பக்கத்து நாட்டுக்கு விற்காதே என்று ரஷ்யாவின் காஸ்ப்ரோம் போட்டிருந்த நிபந்தனைகளை, 2018இல் ஐரோப்பிய ஆணையம் விலக்க வைத்தது.

தெற்காசியாவில் அப்படி ஓர் இடம் இல்லை. 2014இல் காத்மாண்டு சார்க் மாநாட்டில் மின்சார ஒத்துழைப்புக்கு ஒப்பந்தம் போட்டார்கள். பொது நடுவர் இன்னும் வரவில்லை. அதை முன்னெடுக்க வேண்டியது நடுவில் இருக்கும் நாம்தான் என்பது என் உறுதியான கருத்து.

நம் வாசலுக்கும் இது வந்துகொண்டிருக்கிறது. இந்தியாவையும் இலங்கையையும் உயர் அழுத்த நேர்மின்சாரக் கம்பியால் இணைக்க 2025 ஏப்ரலில் கொழும்பில் புரிந்துணர்வு ஒப்பந்தம் கையெழுத்தாகியிருக்கிறது. இந்தப் பக்க முனையாக மதுரையைத்தான் நெடுநாளாகப் பேசிவருகிறார்கள். டெல்லி ஆணையம் ஒன்று சொல்லி, கொழும்பு ஆணையம் வேறொன்று சொன்னால் முடிவு யார் கையில்? கம்பி பழுதானால் அந்த நாட்களின் கட்டணம் யார் தலையில்? மன்னார்க் காற்றில் எடுத்த மின்சாரத்தை இலங்கை நமக்கு விற்க வரும்போதும், காற்றாலையைக் கட்டியவர் யார் என்று கேட்போமா? கடலுக்குள் கம்பி இறங்கும் முன்பே இவற்றுக்கு எழுத்தில் பதில் வேண்டும்.

வணக்கம்.